கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கப்பா!

ரொம்ப நாளா மனசுக்குள்ள புகைஞ்சிட்டு இருந்த ஒரு விஷயத்தை இன்னிக்கு இறக்கி வெச்சிடலாம்னு முடிவு பண்ணிட்டேன். நம்ம ஆளுங்க கேள்வி கேட்கிற விதமும், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ற விதமும்தான் அது.

முதல்ல கேள்வி. ராத்திரி ஒரு மணிக்குப் போன் அடிக்குது. அடிச்சுப் பிடிச்சு எடுத்து, தொண்டை கட்டின குரல்ல 'அலோ' என்றால், எதிர்முனையில் "என்ன மாப்ள, தூங்கிட்டியா?" இல்லடா, மாவாட்டிட்டு இருக்கேன். முடி வெட்டிட்டு வந்தா "முடி வெட்டினியா?" மழையில் தெப்பமா நனைஞ்சு ஹாஸ்டலுக்குள்ள நுழைஞ்சா "வெளிய மழையா?" சொட்டச் சொட்ட நிக்கிறவன்கிட்ட கேட்கிற கேள்வியா இது?

பத்தாவது தமிழ்ப் புத்தகத்தில் வினா ஆறு வகைன்னு படிச்சது ஞாபகம் இருக்கா? அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் எழுதின பவணந்தி முனிவர் நம்ம ஹாஸ்டலில் ஒரு வாரம் தங்கியிருந்தால் ஏழாவதா 'வெட்டி வினா'ன்னு ஒண்ணு சேர்த்திருப்பார்.

கேள்வியையாவது மன்னிச்சு விட்டுடலாம். பதில் இருக்கே, அதுதான் செம கடுப்பு.

விடை எட்டு வகை. சுட்டு, மறை, நேர் இந்த மூணும் நேரடி விடை. கையைக் காட்டிச் சொல்றது, 'இல்லை' என்பது, 'ஆமாம்' என்பது. மீதி அஞ்சும் சுத்தி வளைக்கிற ரகம். தேர்வுக்கு இதை மனப்பாடம் பண்ணும்போது "எவன்டா இப்படியெல்லாம் பதில் சொல்வான்"னு நினைச்சேன். காலேஜுக்கு வந்த பிறகுதான் தெரியுது, எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க!

உதாரணம் பாருங்க. கடையில் போய் "அண்ணே, கருப்பு பேனா இருக்கா?" என்றால் "நீலம் இருக்கு." இது இனமொழி விடை. 'இல்லை'ங்கிற வார்த்தை அந்த அண்ணன் வாயில் வரவே வராது. ரூம்மேட்டிடம் "மாப்ள, பைக் தர்றியா?" என்றால் "பெட்ரோல் தீந்துரும்டா." இனிமேல் நடக்கப் போறதைச் சொல்றதால் உறுவது கூறல். "நாளைக்குப் படத்துக்கு வர்றியா?" என்றால் "ரெண்டு நாளா ஒரே தலைவலி." நடந்ததைச் சொன்னதால் உற்றது உரைத்தல். "போன மாசம் வாங்கின இருநூறைக் குடுத்துருவல்ல?" என்றால் "குடுக்காம ஓடியா போயிருவேன்?" வினா எதிர் வினாதல். (பையன் ஓடிப்போகலை, உண்மைதான். பணமும் வரலை.) கடைசியா ஆபீஸ்ல "சார், பஸ் பாஸ் வந்துருச்சா?" என்றால் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "நாளைக்கு வா." ஏவல் விடை.

ஒருநாள் கடுப்பாகி, "இனிமே என்கிட்ட யார் என்ன கேட்டாலும் ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல, அவ்ளோதான்"னு ரூமில் சபதமே போட்டேன். பசங்க கைதட்டினாங்க. ரொம்பப் பெருமையா இருந்துச்சு.

அந்தப் பெருமை ரெண்டு வாரம்கூடத் தாங்கலை.

படிக்கிறதுக்காக மதுரைக்கு வந்து அப்போ மூணு மாசம்தான் ஆகியிருந்தது. ஒரு மத்தியானம் மாட்டுத்தாவணியில் டவுன் பஸ் நிக்கிற இடத்தில் நின்னுட்டு இருந்தேன். கழுத்தில் காலேஜ் அடையாள அட்டை, காதில் பாட்டு. அறுபது வயசுக்கு மேல இருக்கும், வேட்டி கட்டின ஒரு தாத்தா, கையில் தூக்குவாளியோட பக்கத்தில் வந்தார்.

"தம்பி, இந்த வண்டி பெரியாஸ்பத்திரி போகுமாப்பா?"

எனக்குத் தெரியாது. அந்த வண்டியின் போர்டைக்கூட நான் பார்க்கலை. ஆனால் அடையாள அட்டை மாட்டின பையன், ஒரு பஸ் எங்க போகுதுன்னு தெரியாதுன்னு எப்படிச் சொல்றது? சரியா ஒரு நொடிதான் யோசிச்சிருப்பேன்.

"போகும் தாத்தா, ஏறுங்க."

"நல்லாயிருப்பா"ன்னு சொல்லிட்டு ஏறினார். வாளி தளும்பாமல் இருக்க, ஒரு கையால் அதை நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சிக்கிட்டே ஏறினார். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வண்டி நகர ஆரம்பிச்ச பிறகுதான் கண்டக்டர் சத்தம் காதில் விழுந்தது. "ஒத்தக்கடை, ஒத்தக்கடை!"

மதுரைக்காரங்களுக்குச் சொல்லவே வேணாம். மத்தவங்களுக்காகச் சொல்றேன். பெரியாஸ்பத்திரின்னு ஊரே சொல்ற அரசு இராசாசி மருத்துவமனை கோரிப்பாளையம் பக்கம், ஊருக்கு உள்ளே இருக்கு. ஒத்தக்கடை மேலூர் ரோட்டில், ஊருக்கு வெளியே. அதாவது நேர் எதிர்த்திசை.

ஓடிப்போய் வண்டியைத் தட்டியிருக்கலாம். பத்து எட்டு வைச்சிருந்தால் போதும். தட்டலை. ஏன்னு இன்னிக்கு வரைக்கும் யோசிக்கிறேன். பக்கத்தில் நின்னவங்க என்ன நினைப்பாங்களோங்கிற வெட்கம்தான், வேற ஒண்ணும் இல்லை. அந்த வாளியில் கஞ்சியோ சோறோ, ஆஸ்பத்திரிக் கட்டிலில் யாரோ ஒருத்தர் அதுக்காகக் காத்திருந்திருப்பாங்க. பாட்டியா, மகனா, பேரப்பிள்ளையா? அவர் எங்க இறங்கினார், யாரிடம் விசாரிச்சுத் திரும்பி வந்தார், எப்போ போய்ச் சேர்ந்தார், எதுவும் எனக்குத் தெரியாது.

அன்னிக்கு ராத்திரி படுத்துக்கிட்டே அந்த எட்டு வகையை மறுபடி விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். நான் தாத்தாவுக்குச் சொன்னது எந்த வகை? சுத்தமான நேர் விடை. சுத்தல் இல்லை, வளைத்தல் இல்லை, இலக்கணப்படி பத்துக்குப் பத்து. ஆனால் பொய்.

1989ல் வந்த 'கரகாட்டக்காரன்' வாழைப்பழக் காமெடி எல்லாருக்கும் தெரியும். ரெண்டு பழம் வாங்கி ஒண்ணைத் தின்னுட்டு வந்த செந்திலிடம் கவுண்டமணி இன்னொண்ணு எங்கேன்னு கேட்க, செந்தில் அசராமல் இருக்கிற ஒரே பழத்தையே காட்டுவார். யோசிச்சுப் பாருங்க, அதுவும் அச்சு அசலான சுட்டு விடை! விடை நேராக இருந்தாலும் ஆள் நேராக இருக்கணும்னு கட்டாயம் இல்லை.

அப்புறம்தான் நான் கடுப்பான அஞ்சு பேரையும் நினைச்சுப் பார்த்தேன். 'நீலம் இருக்கு'ன்னு சொன்ன கடைக்கார அண்ணனால் எனக்கு என்ன நஷ்டம்? கருப்பு இல்லைங்கிறது எனக்குப் புரிஞ்சது, அடுத்த கடைக்குப் போனேன். 'பெட்ரோல் தீந்துரும்'னு சொன்னவன் பைக் தரமாட்டேங்கிறதை என் முகத்துக்கு நேரா சொல்லக் கூச்சப்பட்டான், அவ்வளவுதான். சுத்தி வளைச்சாலும் அதில் உண்மை இருந்தது. (இருநூறு ரூபாய்க்காரன் மட்டும் இந்தப் பட்டியலில் வரமாட்டான். அவன் கணக்கு தனி.) என்னை மாதிரி பளிச்சுன்னு, தைரியமா, தப்பாச் சொல்றவன்தான் ஒரு கிழவரை ஊருக்கு வெளியே கொண்டுபோய் விடுவான்.

இன்னொண்ணும் கவனிச்சேன். அந்த எட்டில் 'தெரியாது'க்குன்னு தனியா ஒரு இடம் இல்லை. அது மறை விடையில் அடங்கும்னு தமிழ் படிச்ச நண்பர்கள் சண்டைக்கு வரலாம். வாங்க, பேசலாம். ஆனால் எனக்கு அந்த வார்த்தைக்குத் தனி நாற்காலி போட்டு உட்கார வைக்கணும்னு ஆசை. அவ்வளவு கஷ்டமாக இருக்கு அதைச் சொல்றதுக்கு.

போன வாரம் அதே மாட்டுத்தாவணி. கைக்குழந்தையோட ஒரு அக்கா "தம்பி, இது திருப்பரங்குன்றம் போகுமா?"ன்னு கேட்டாங்க. எச்சிலை முழுங்கிட்டு "தெரியலக்கா"ன்னு சொன்னேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தாங்க. "காலேஜ் படிக்கிற, இதுகூடத் தெரியாதா?"

ஆறு வகை வினாவில் இது எதில் சேரும்னு ஒரு நிமிஷம் யோசனை ஓடினது உண்மை. ஆனால் வண்டி கிளம்ப இருந்துச்சு.

"இருங்கக்கா, கண்டக்டர்ட்ட கேட்டுட்டு வர்றேன்."