புதன்கிழமை பிஸ்கட்

காலை எட்டரைக்கு மஞ்சள் பேருந்து வரும். எட்டேகாலுக்கே பிள்ளைகள் இறங்கிவந்து நின்றுவிடுவார்கள். எங்கள் அடுக்ககத்து வாசலில் ஒரு மரப்பெஞ்சு உண்டு. காலைக் காப்பியை அதில் உட்கார்ந்துதான் குடிப்பேன். பிள்ளைகள் என்னைப் பொருட்படுத்துவதில்லை. நானும் பேச்சுக் கொடுப்பதில்லை. பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஊர் சில்வர் ஸ்பிரிங். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் வடக்கு எல்லையைத் தாண்டினால் வந்துவிடும். மேரிலாண்ட் மாநிலம், மான்ட்கமெரி கவுண்டி. எத்தியோப்பியாவிலிருந்து வந்து குடியேறியவர்கள் இங்கே ஏராளம். கடைவீதியில் நடந்தால் காப்பிக்கொட்டை வறுபடும் வாசனை நம் ஊர்த் தெருவை நினைவூட்டும்.

2022 அக்டோபரில் ஒரு புதன்கிழமை. முதல் மாடிச் சிறுமி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். தலை முழுக்கப் பொடிப்பொடியான சடைகள். கழுத்தில் கறுப்புக் கயிறு, அதில் சின்ன மரச்சிலுவை. பக்கத்தில் மூன்றாம் மாடிப் பையன். அவனுக்கு ஒரு ஷூவின் நாடா எப்போதும் அவிழ்ந்தே கிடக்கும். இருவரும் இரண்டாம் வகுப்பு, ஒரே வகுப்பறை.

பையன் புத்தகப் பையிலிருந்து ஒரு பிஸ்கட் பொட்டலத்தை எடுத்தான். பிரித்து நீட்டப் போனவன், கையை இழுத்துக்கொண்டான். பொட்டலத்தைத் திருப்பி, அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்ததை விரல் வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தான். அப்புறம் சொன்னான்: “இன்னிக்குப் புதன்கிழமை. இதுல பால் இருக்கு. உனக்கு ஆகாது.”

அவள் தலையாட்டினாள். அவன் அந்தப் பொட்டலத்தை மூடி உள்ளே வைத்துவிட்டு, ஒரு வாழைப்பழத்தை எடுத்துப் பாதியாகப் பிய்த்துக் கொடுத்தான்.

எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் ஆண்டின் பெரும்பாலான புதன், வெள்ளிக் கிழமைகளில் விரதம் இருப்பார்கள். இறைச்சி, பால், முட்டை எதுவும் தொடமாட்டார்கள். ஏழு வயதானால் பிள்ளைகளையும் பழக்குவார்கள். அவளுக்கு அப்போதுதான் ஏழு முடிந்திருந்தது. அவள் வீட்டு விரதத்தை அடுத்த வீட்டுப் பையன் மனப்பாடமாக வைத்திருந்தான். யாரும் அவனுக்குப் பாடம் நடத்தியிருக்க மாட்டார்கள். தோழிக்கு எது ஆகும், எது ஆகாது என்று அவனே கவனித்து வைத்திருந்தான்.

அந்தப் பையனுக்கு இரண்டு அம்மாக்கள். ஒருவர் மருத்துவமனை நீலச் சட்டையில் வருவார், இன்னொருவர் கையில் எப்போதும் சாவிக்கொத்து குலுங்கும். இருவரையும் அவன் அம்மா என்றுதான் கூப்பிடுகிறான். யாரைக் கூப்பிடுகிறான் என்பது குரலிலேயே அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. மேரிலாண்டில் ஒருபாலினத் திருமணம் 2012 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பில் வென்று, 2013 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே இந்த ஊர்ச் சட்டப்படி அது ஒரு குடும்பம். பையனுக்கோ சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. அவன் நாடாவைக் குனிந்து கட்டிவிடுகிறவர்கள் அவனுடைய அம்மாக்கள்.

அந்தக் கல்வியாண்டில்தான் கவுண்டியின் கல்வி வாரியம், தன்பாலீர்ப்பாளர்களும் திருநர்களும் பாத்திரங்களாக வரும் சில கதைப்புத்தகங்களை ஆங்கில மொழிப்பாட வகுப்புகளில் சேர்த்தது. ஏறத்தாழ 1,60,000 மாணவர்கள் படிக்கும் பள்ளி அமைப்பு இது, மாநிலத்திலேயே பெரியது. வேண்டாம் என்கிற பெற்றோர் முன்கூட்டிச் சொன்னால், அந்த நேரத்தில் பிள்ளையை வேறு இடத்தில் உட்காரவைக்க முதலில் ஏற்பாடு இருந்தது. ‘ஆப்ட் அவுட்’ என்பார்கள். 2023 மார்ச்சில் வாரியம் அதை நிறுத்தியது. விலகுகிறவர்கள் பெருகிப்போனதால் வகுப்பு நடத்த முடியவில்லை என்றது. தன் வீட்டைப் போன்ற வீடு வரும் கதையைத் திறந்ததும் நண்பர்கள் எழுந்து வெளியே போவதைப் பார்க்கிற குழந்தைக்கு அது தலைகுனிவு என்றும் சொன்னது.

அதே ஆண்டு ஜூன் மாதம் ஒரு நாள், முதல் மாடி அம்மா என் கதவைத் தட்டினார். அவருடைய கார் பழுதுபார்க்கப் போயிருந்தது. ராக்வில் வரை கொண்டுவிட முடியுமா என்று கேட்டார். கல்வி வாரிய அலுவலகம் அங்கேதான். ‘ஆப்ட் அவுட்’டைத் திரும்பக் கேட்டு அன்று அதன் முன்னே ஆர்ப்பாட்டம். வழியெல்லாம் அவர் பேசிக்கொண்டே வந்தார். “நான் அவளுக்குச் சோறு மட்டுமா ஊட்டுகிறேன்? ஜெபமும் ஊட்டுகிறேன். எதை எப்போது சொல்லிக்கொடுப்பது என்பது என் பொறுப்பு இல்லையா? புத்தகத்தை எரிக்கச் சொல்லவில்லை. எனக்கு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்கிறேன்.”

அலுவலகம் இருந்த ஹங்கர்ஃபோர்டு டிரைவில் இறங்கியதும் நான் ஒரு மரநிழலில் ஒதுங்கினேன். நூற்றுக்கணக்கானவர்கள். முக்காடிட்ட முஸ்லிம் தாய்மார்கள். வெள்ளைப் பருத்தி மேலாடை போர்த்திய எத்தியோப்பியப் பெண்கள். மேலாடையின் ஓரத்தில் நம் வேட்டிக்கரை மாதிரி வண்ணக்கரை. இரண்டு மதத்தாரும் ஒரே தண்ணீர்ப் பெட்டியிலிருந்து பாட்டில் எடுத்துக்கொண்டார்கள். கைகளில் அட்டைகள். முதல் மாடி அம்மாவின் அட்டையில் எழுத்து கோணலாக இருந்தது. மகளின் வண்ணப் பென்சிலால் அவரே எழுதியிருக்க வேண்டும்.

சற்றுத் தள்ளி, எதிர்ப்பக்கம், சின்னக் கூட்டம் ஒன்று வானவில் குடைகளோடு நின்றது. அந்தக் குடைகளில் ஒன்றின் கீழே சாவிக்கொத்து அம்மா.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை நான் பார்த்தேன். முழக்கம் ஓங்கிக்கொண்டிருந்தது. முதல் மாடி அம்மாவின் கை மெல்ல இறங்கியது, அட்டை இடுப்பளவுக்கு வந்தது. எதிரே குடை சற்றே சாய்ந்து முகத்தை மறைத்தது. ஒருவர் மீது ஒருவருக்குக் கோபம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. மாடிப்படியில் தினமும் சிரித்துக்கொள்கிறவர்கள் இப்படி எதிரெதிரே நிற்க நேர்ந்த சங்கடம்தான் தெரிந்தது. திரும்பி வரும்போது காரில் பேச்சே இல்லை.

இரண்டு வாரம் கழித்து, கீழ்த்தளத்துச் சலவை அறை. உலர்த்தி ஓடிக்கொண்டிருந்தது. சாவிக்கொத்து அம்மா துணி மடித்தபடி தொலைபேசியில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். வேண்டுமென்று ஒட்டுக்கேட்கவில்லை, காதில் விழுந்தது. “எங்கள் வீடு ஒரு பாடமா என்ன, வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க?” அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. மகனின் சின்னச் சட்டை ஒன்றை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

எந்தப் புத்தகத்துக்கு இவ்வளவு என்று நூலகம் போய் ஒன்றை எடுத்துப் படித்தேன். ‘அங்கிள் பாபிஸ் வெடிங்’. சாரா பிரானென் எழுதியது. 2008-இல் முதலில் வந்தபோது அதில் கினிப்பன்றிகள்தான் பாத்திரங்கள். 2020-இல் வந்த பதிப்பில் மனிதர்கள். குளோயி என்ற சிறுமிக்குப் பாபி மாமா என்றால் உயிர். மாமா ஜேமி என்பவரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார். குளோயிக்கு ஒரே கவலை: இனி மாமாவுக்கு நம்மோடு விளையாட நேரம் இருக்குமா? மூன்றாம் மாடிப் பையன் படித்தால், கல்யாண விருந்து வரும் ஒரு சாதாரணக் கதை. முதல் மாடி அம்மா படித்தால், திருமணம் ஒரு ஆணும் பெண்ணும் கடவுள் முன் ஏற்கும் திருவருட்சாதனம் என்று மகளுக்குத் தான் சொல்லிவைத்ததன் எதிரே, எல்லோரும் கைதட்டிக் கொண்டாடும் இன்னொரு திருமணம். ஒரே முப்பது நாற்பது பக்கம். இரண்டு வீட்டிலும் அது வேறு வேறு புத்தகம். அந்த இரண்டு வாசிப்புமே நேர்மையானவை என்பதை நான் மறுக்க மாட்டேன்.

விஷயம் அதற்குள் நீதிமன்றம் ஏறியிருந்தது. முஸ்லிம்கள், கத்தோலிக்கர், உக்ரைன் ஆர்த்தடாக்ஸ் மரபினர் எனப் பல மதக் குடும்பங்கள் சேர்ந்து தொடுத்த வழக்கு. ‘மஹ்மூத் எதிர் டெய்லர்’ என்று பிற்பாடு பெயர் பெற்றது. 2023 ஆகஸ்டில் மாவட்ட நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது. 2024 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றமும் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் மறுத்தது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே இரண்டு புத்தகங்களை வாரியம் தானாக விலக்கிக்கொண்டது. மிகச் சிறு பிள்ளைகளுக்கான ‘பிரைடு பப்பி’ அவற்றில் ஒன்று.

2025 ஜூன் 27 அன்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் பெற்றோர் பக்கம் சாய்ந்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சாமுவேல் அலிட்டோ. வழக்கு முடியும்வரை, இத்தகைய புத்தகங்களைப் படிக்கும்முன் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும், விரும்பினால் பிள்ளையை விலக்கிக்கொள்ள அனுமதிக்க வேண்டும் என்பது உத்தரவு. ஆமிஷ் சமயப் பெற்றோர் 1972-இல் வென்ற வழக்கை அவர் பெரிதும் துணைக்கழைத்தார். மாற்றுத் தீர்ப்பு எழுதிய நீதிபதி சோனியா சோட்டோமேயர், பலவகை மனிதர்களோடு வாழப் பிள்ளைகள் பழகும் இடமே பொதுப்பள்ளி என்று வாதிட்டார். குளோயியின் கதை முழுவதையும் தன் தீர்ப்போடு பின்னிணைப்பாகச் சேர்த்தார். நாடு முழுவதற்கும் ஒருபாலினத் திருமண உரிமையை அதே நீதிமன்றம் வழங்கியது 2015 ஜூன் 26. இடையில் சரியாகப் பத்து ஆண்டும் ஒரு நாளும்.

தீர்ப்பு வந்த ஆண்டுக் கோடை விடுமுறை முடிந்தபின், ஒரு மாலை, முதல் மாடி அம்மா என்னைக் காப்பிக்கு அழைத்தார். பச்சைக் கொட்டையை வாணலியில் வறுத்து, புகையை ஒவ்வொருவர் முகத்தருகிலும் கொண்டுவந்து காட்டி, இடித்து, கறுப்பு மண்குடுவையில் கொதிக்கவைத்துக் கைப்பிடியில்லாத கிண்ணத்தில் ஊற்றுவார்கள். மூன்று சுற்று குடிக்காமல் எழக்கூடாது. இரண்டாம் சுற்றில் ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். பள்ளி விலகல் படிவம். ஆங்கிலத்தை ஒருமுறை படித்துச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

பேனாவை எடுத்தார். பெயர் எழுதும் இடத்தில் எழுதினார். கையெழுத்து இடும் கோட்டுக்கு மேலே பேனா நின்றது. உள்ளறையில் மகள் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். ஐந்தாம் வகுப்பு வந்துவிட்டாள்.

“நான் கையெழுத்துப் போடத்தான் போகிறேன்” என்றார். “ஆனால் இவள் எழுந்து போகும்போது அந்தப் பையன் கேட்பானே, எங்கே போகிறாய் என்று. இவள் என்ன சொல்வாள்?”

என்னிடம் பதில் இல்லை. அவர் என்னிடம் கேட்டதாகவும் தெரியவில்லை.

கையெழுத்துப் போட்டார். தாளை நான்காக மடித்தார். எழுந்து மேலாடையைச் சரிசெய்துகொண்டு, தட்டில் ஒரு கிண்ணம் காப்பியை வைத்து எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தார். மாடிப்படியில் அவர் காலடி ஏறிப்போனது. மூன்றாம் மாடியில் மணி அடித்தது. கதவு திறந்தது.

நான் கீழே படிக்கட்டருகே நின்றேன். என்ன பேசினார்கள் என்பது எனக்குக் கேட்கவில்லை. முதலில் ஒரு குரல் நெடுநேரம். பிறகு இன்னொரு குரல், சற்று உயர்ந்து, பிறகு தணிந்து. ஒரு பத்து நிமிடம் இருக்கும். சிரிப்புச் சத்தம் எதுவும் வரவில்லை. கதவை அறைந்து சாத்திய சத்தமும் வரவில்லை. அவர் இறங்கி வந்தபோது கண் சிவந்திருந்தது. தட்டில் கிண்ணம் காலியாக இருந்தது.

இத்தனை வருடம் பார்த்ததில் எனக்குப் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். தன் பிள்ளைக்குத் தன் நெறியை ஊட்டும் உரிமை தாய்க்கு உண்டு. வகுப்பில் எதைப் படிக்கப்போகிறார்கள் என்பதை முன்கூட்டிக் கேட்டறியும் உரிமையும் உண்டு. அந்த உரிமையை நீதிமன்றம் கொடுத்தது சரியென்றே நினைக்கிறேன். ஆனால் ஒரு பிள்ளை எழுந்து போகும்போது இன்னொரு பிள்ளை உட்கார்ந்தே இருக்கிறது. தன் வீட்டுக் கதையைப் பார்த்துத்தான் தோழி வெளியே போகிறாள் என்பது அதற்குப் புரியும். அந்தக் காயத்துக்கு எந்தத் தீர்ப்பிலும் மருந்து எழுதவில்லை. ஆசிரியரால் மட்டும் அதை ஆற்றவும் முடியாது. விலகும் உரிமையைப் பெற்ற வீட்டுக்கே அந்தக் கடன் சேர்கிறது. ‘நம் நெறி வேறு, ஆனால் அவன் உன் நண்பன், அவன் அம்மாக்களைக் குறைவாக ஒரு சொல் சொல்லக்கூடாது’ என்று பிள்ளைக்குச் சொல்லி அனுப்புவதும், முடிந்தால் தானே படியேறிப் போய் அடுத்த வீட்டாரிடம் சொல்வதும் அந்தக் கடனைத் தீர்க்கும் வழி. செய்தியைக் கொண்டுபோகிற வேலையைப் பிள்ளைகள் தலையில் கட்டக்கூடாது.

இந்தக் கவுண்டியில் தமிழ்க் குடும்பங்களும் நிறைய. கோயிலுக்குப் போகிறவர்கள், தேவாலயத்துக்குப் போகிறவர்கள், தொழுகைக்குப் போகிறவர்கள் எல்லோரும் இருக்கிறோம். அதே படிவம் நம் வீட்டு மேசைக்கும் வருகிறது. கையெழுத்துப் போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம். பேனாவை எடுக்கும்முன், பிள்ளையின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பவரின் பெயரைப் பிள்ளையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.