அடுப்படிப் பிரவேசம்

தென்பாண்டி நாட்டில் பஞ்சபூதத் தலங்கள் என்று ஐந்து ஊர்களைச் சொல்வார்கள். சங்கரன்கோவிலுக்கு மண், தாருகாபுரத்துக்கு நீர், கரிவலம்வந்தநல்லூருக்கு நெருப்பு, தென்மலைக்குக் காற்று என்று பங்கீடு ஆனபின், எங்கள் தேவதானத்துக்கு மிஞ்சியது ஆகாயம். ஆகாயம் நல்ல பங்குதான். மேற்கே மலை, மலைக்கு மேலே வானம், கீழே வயலும் தென்னந்தோப்பும் மாந்தோப்பும். உத்தியோகத்தை முடித்துக்கொண்டு ஊருக்குத் திரும்பியவன் திண்ணையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? நெருப்பு பக்கத்து ஊருக்குப் போய்விட்டதே என்று நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை, சென்ற சித்திரை மாதம் வரையில்.

சித்திரையில் என் மனைவி கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. ராஜபாளையத்தில் எலும்பு வைத்தியர் மாவுக்கட்டுப் போட்டு, "ஆறு வாரத்துக்கு ஒரு டம்ளர்கூடத் தூக்கக்கூடாது" என்று உத்தரவு போட்டார். பஸ்ஸில் திரும்பி வரும்போது சேத்தூர் தாண்டும் வரையில் அவள் பேசவே இல்லை. வலியாக்கும் என்று நினைத்தேன். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"சாப்பாட்டுக்கு என்ன செய்யப் போறீக?"

'செய்யப் போறோம்' இல்லை, 'செய்யப் போறீக'. நாற்பது வருஷ இல்லற வாழ்வில் அந்த வினை முதன்முறையாக என் தலையில் வந்து இறங்கியது.

என் கதைகளைப் படித்தவர்கள் சிரிக்கக்கூடும். நான் எழுதிய நாவல் ஒன்றில் கதாநாயகி இரண்டு பக்கத்துக்கு வற்றல் குழம்பு வைக்கிறாள். அந்தக் குழம்பின் மணம் புத்தகத்திலிருந்தே வீசுகிறது என்று ஒரு வாசகி கடிதம் எழுதியிருந்தார். உண்மையைச் சொல்கிறேன்: தாளிப்பில் கடுகு முந்தியா, பெருங்காயம் முந்தியா என்று எனக்குத் தெரியாது. மணத்தை வாசற்படியில் நின்று எழுதிவிடலாம். அடுப்பண்டை போகவேண்டிய அவசியமில்லை.

முதல் நாள் ரசம் வைத்தேன். எங்கள் ஊர்ச் சுவாமிக்கு நச்சாடை தவிர்த்தவர் என்று திருநாமம். சோழ ராஜன் பாண்டியனுக்கு வெகுமதி போல நஞ்சு தோய்ந்த ஆடையை அனுப்ப, அதிலிருந்து பாண்டியனைக் காப்பாற்றியவர் என்பது தலபுராணம். என் ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு என் மனைவி கோயில் இருக்கும் திசையைப் பார்த்தாள். அவ்வளவுதான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதே நான், இத்தனை வருஷங்களாக, "இன்றைக்குச் சாம்பார் சுமார்" என்று எத்தனை தீர்ப்புகள் வழங்கியிருக்கிறேன்!

வெளியில் வாங்கிச் சாப்பிடலாம். ஆனால் அவளுக்குச் சர்க்கரை வியாதி உண்டு. எனவே, அலமாரியிலிருந்த 'சமைத்துப் பார்' புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எஸ். மீனாட்சி அம்மாள் 1951-இல் வெளியிட்டது. கல்யாணமான புதிதில் என் மாமியார் மகளுக்குக் கொடுத்தது. அவள் அதை அதிகம் பிரித்ததாகத் தெரியவில்லை. நானோ நாவலைப் போல முதல் பக்கத்திலிருந்து படித்தேன். அந்த அம்மாள் எத்தனை ஆயிரம் பெண்களுக்குத் தைரியம் கொடுத்திருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அளவு இருக்கிறது, முறை இருக்கிறது. ஆனால் எந்தச் சமையல் புத்தகமும் எதிர்பார்க்கிற ஒன்று என்னிடம் இல்லை. 'பதம் வந்ததும் இறக்கு' என்றால், பதம் வந்திருக்கிறது என்று யார் என்னிடம் சொல்வது? வாணலியா சொல்லும்?

இந்த இக்கட்டில் எனக்கு முதலில் கைகொடுத்தவர் ராஜபாளையத்தில் இருக்கும் சிநேகிதர் வீட்டு ராஜு அம்மாள். வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசுகிறவர். வயது எண்பதுக்கு மேல். நோயாளியைப் பார்க்க வந்தவர் ஒரு பை நிறையச் சப்பட்டை மாங்காய் கொண்டுவந்தார். சமையற்கட்டில் என் கோலத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியைப் போடச் சொல்லி உட்கார்ந்துவிட்டார். மாங்காய்ப் பப்பு பாடம் ஆரம்பமாயிற்று. துவரம்பருப்பு ஒரு டம்ளர்; மஞ்சள்பொடி போட்டுக் குழைய வேகவைப்பது. மாங்காயையும் கூடவே போட்டுவிடலாமே என்று நான் அவசரப்பட்டேன்.

"நில்லு நாயனா! பருப்பு வேகறதுக்கு முந்தி புளிப்பைக் காட்டினா அது கோவிச்சுக்கும், அப்புறம் நாள் பூரா எரிச்சாலும் முழிச்சுக்கிட்டே நிக்கும்" என்றார்.

வாஸ்தவம். புளிப்புப் பட்டால் பருப்பு இறுகிக்கொண்டு வேக மறுக்கிறது. ஆகையால் பருப்பு மலர்ந்தபின் மாங்காய்த் துண்டும் கீறின பச்சை மிளகாயும் போட்டு, மாங்காய் நசுங்கும் பக்குவத்தில் உப்புச் சேர்த்து, நெய்யில் கடுகு, வற்றல், பூண்டு தாளித்துக் கொட்டினால் முடிந்தது. பெருங்காயம் கடுகு வெடித்த பிறகு என்பதையும் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். நாவலின் அடுத்த பதிப்பில் ஒரு வரியைத் திருத்த வேண்டும்.

இதற்குள் பெங்களூரிலிருந்து என் மகள் தன் பங்குக்குப் பத்து நிமிஷச் சமையல் காட்சிகளாகக் கைபேசியில் அனுப்ப ஆரம்பித்தாள். சீனத்து வறுத்த சோறு, மெக்சிகோ அவரைக் குழம்பு, இத்தாலியப் பாஸ்தா. காட்சியில் பத்து நிமிஷம். என் கையில் ஒரு மணி. ஆனாலும் பாஸ்தாவை நான் குறைசொல்ல மாட்டேன். நிறையத் தண்ணீரில் உப்பைத் தாராளமாகப் போட்டுக் கொதிக்கவிட்டு, நடுவில் ஓர் இழை பல்லுக்குத் தட்டுப்படும்போதே வடித்துவிடவேண்டும். வடித்த கஞ்சியில் ஒரு கரண்டி எடுத்துவைத்துக்கொண்டு, எண்ணெயில் பூண்டும் வற்றல் மிளகாயும் சிவந்ததும் அதையும் இதையும் ஒன்றாகப் புரட்டினால், கஞ்சி எண்ணெயோடு சேர்ந்து இழையில் ஒட்டிக்கொள்கிறது. ஒலிவ எண்ணெய்க்கு எங்கே போவேன்? செக்கு நல்லெண்ணெயை ஊற்றினேன். இத்தாலியர் அறிந்தால் யுத்தத்துக்கு வரலாம். வரட்டும், மிளகாய் அவர்களுக்கும் நமக்கும் ஒரே அமெரிக்காவிலிருந்து வந்த சரக்குத்தானே? என் மனைவி சாப்பிட்டுவிட்டு, "சேவைக்கு இந்த மாதிரித் தாளிக்கலாம் போலிருக்கே" என்றாள். அவள் வாயிலிருந்து வந்த முதல் நற்சாட்சிப் பத்திரம் அது.

வெற்றி தலைக்கேறியதும் பால்கோவாவில் இறங்கினேன். வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூரில் விறகடுப்பில் காய்ச்சுகிறார்கள். 2019-இல் புவிசார் குறியீடுகூட வாங்கியாகிவிட்டது. பத்து லிட்டர் பாலுக்கு ஒன்றேகால் கிலோ சீனி என்பது அங்கே கணக்கு. அப்படியானால் ஒரு லிட்டருக்கு 125 கிராம். வேறு சரக்கு ஒன்றுமே கிடையாது. இதைவிடச் சுலபமான பட்சணம் உலகத்தில் உண்டா? கிண்டிக்கொண்டே இருக்கவேண்டும் என்ற ஒரே ஒரு நிபந்தனைதான். இடையில் போன் மணி அடித்தது. எடுத்தது ஒரு தப்பு. பேசியது இரண்டாவது தப்பு. அந்த வாணலி இன்னும் கொல்லையில் ஊறிக்கொண்டிருக்கிறது.

அந்த ஊர்ப் பெண் ஆண்டாள், அழகர்மலைப் பெருமாளுக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்கார அடிசிலும் நேர்ந்துகொண்டாள். அரிசியும் பருப்பும் பாலிலேயே குழைந்து, வெல்லமும் நெய்யும் குடித்து இறங்கவேண்டிய பண்டம் அது. நேர்ந்தவள் அவள், நெடுங்காலத்துக்குப் பின் அதைச் செய்து படைத்தவர் ராமாநுஜர். அதற்காகவே அவரை அவள் அண்ணா என்று அழைத்து எதிர்கொண்டாள் என்று வைஷ்ணவர்கள் உருகிச் சொல்வார்கள். ஒருவர் சொல்ல இன்னொருவர் சமைப்பது என்ற ஏற்பாடு எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததல்ல என்று எனக்குச் சற்றே ஆறுதல். ஆனால் ராமாநுஜர் யாருடைய அடிசிலையும் சுமார் என்று சொன்னதாகத் தெரியவில்லை.

நான்காவது வாரத்தில் ஓர் இரவு, வீட்டில் அரிசி மாவு இல்லை, தோசை மாவு புளித்துப் பொங்கி வழிந்துவிட்டது. ஒரு தேங்காய் மூடியும் கோதுமை மாவும் இருந்தன. என் கை தானாகவே வேலை செய்ய ஆரம்பித்தது. இரண்டு டம்ளர் மாவுக்கு ஒரு டம்ளர் தேங்காய்ப்பூ, உப்பு, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், ஒரு பச்சை மிளகாய். தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசைந்து, சற்று ஊறவிட்டு, வாழை இலையில் உள்ளங்கையால் தட்டி, எண்ணெய் விடாமல் தோசைக்கல்லில். குழவியும் வேண்டாம், பலகையும் வேண்டாம். அடையைப் போல் கனமாக இருக்கவேண்டும், தீ தணிந்திருக்கவேண்டும். அம்மியில் வற்றல் மிளகாயும் உப்பும் நசுக்கி, சின்ன வெங்காயம், தேங்காய்ப்பூ வைத்து ஓட்டி, எலுமிச்சம்பழம் பிழிந்தால் சம்பல்.

இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. கைபேசியிலும் பார்க்கவில்லை. பத்து வயதில் ஒரு வீட்டு அடுப்பங்கரையில் குந்தி உட்கார்ந்து பார்த்தது.

1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோ அம்மையாரும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், இலங்கைத் தோட்டங்களிலிருந்து ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென்று ஆயிற்று. தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரத்தில் வந்து இறங்கியவர்களில் ஒரு குடும்பம் 1970 வாக்கில் எங்கள் ஊருக்கு வந்தது. அந்த அம்மாளுடைய பாட்டனார் இந்தப் பக்கத்திலிருந்துதான் கண்டிச் சீமைக்குப் போனாராம். பாட்டனாரின் ஊர் பேத்தியை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. வாய்க்கால் கரையில் ஓலைக் குச்சில் போட்டுக்கொண்டார்கள். தோட்டத்தில் அவர்களுக்குக் கோதுமை மாவு ரேஷனில் கிடைத்தது, ரொட்டிதான் சாப்பாடு. நம்மவர்களுக்கோ அந்த நாளில் கோதுமை என்றால் காய்ச்சல்காரன் ஆகாரம். பஞ்சத்தில் அமெரிக்கக் கப்பலில் வந்த தானியம் என்ற இளப்பம்.

எனக்கு அந்த இளப்பம் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வாய்க்கால் வழியே வரும்போது, "வாங்க தம்பி" என்று கூப்பிட்டு ஒரு ரொட்டியும் தேத்தண்ணியும் கொடுப்பாள். பத்து வயதுப் பையனை வாங்க என்று அழைத்த முதல் மனுஷி அவள்தான். எத்தனை நாள் சாப்பிட்டேன் என்பதற்குக் கணக்கில்லை. வீட்டில் சொன்னதில்லை என்பது மட்டும் நிச்சயம். எங்கள் வீடு சைவம், ஆசாரம் வேறு.

ஒருநாள் என் தாயார் அவள் குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டு, ஒரு கிண்ணத்தில் மோரும் சோறும் கரைத்துக் கொடுத்தனுப்பினாள். ஏனத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்பது அவளுக்கும் தெரியும் போலிருக்கிறது. மறுநாள் கிண்ணத்தில் நான்கு ரொட்டியை அடுக்கிக் கொண்டுவந்து திண்ணையில் வைத்தாள். என் ஆச்சி சிரித்த முகமாகவே வாங்கிக்கொண்டாள். அவள் தெருமுனை திரும்பியதும், "லயத்திலே யாரோடு யார் உண்டு வளந்ததோ!" என்று சொல்லி, நான்கையும் கழுநீர்த் தொட்டியில் போட்டாள். மாடு தலையை நீட்டியது.

அதே சமயம் அவள் திரும்பி வந்தாள். கையில் ஒரு பூவரச இலைப் பொட்டலம்.

"சம்பலை மறந்துட்டேங்க. மாசி போடல, நீங்க பயப்படாம..." என்றவள் தொட்டியைப் பார்த்துவிட்டாள்.

மாசி என்றால் அவர்கள் சம்பலில் இடிக்கும் கருவாடு. எங்களுக்காக அதை நீக்கி, தனியாக அரைத்துக் கொண்டுவந்திருக்கிறாள். ஆச்சி ஒன்றும் பேசவில்லை. தாயார் உள்ளே போய்விட்டாள். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னை ஒரு தடவை பார்த்தாள். 'நான் தினமும் சாப்பிடுகிறேனே, ஆச்சி' என்று ஒரு வாக்கியம் என் தொண்டைவரை வந்தது. வந்தது, நின்றது. பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு அவள் போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து வாய்க்கால் கரையில் எதிர்ப்பட்டபோது பழையபடி, "வாங்க தம்பி" என்றுதான் சொன்னாள். ரொட்டி கல்லில் இருந்தது. ஆனால் எடுத்துத் தருமுன், "வீட்டிலே கேட்டுட்டு வந்து சாப்பிடுங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை, அப்புறம் போகவுமில்லை. சுற்றுவழியாகப் பள்ளிக்கூடம் போகக் கற்றுக்கொண்டேன். தாயகம் திரும்பியவர்களுக்காக நீலகிரியில் அரசாங்கம் 1968-இல் தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்து, அடுத்த வருஷமே அவர்கள் புறப்பட்டுவிட்டார்கள்.

இதையெல்லாம் என் மனைவிக்கு அன்றிரவுதான் சொன்னேன். நாற்பது வருஷத்தில் சொல்லாத சங்கதி. அவள் இடது கையால் ரொட்டியைப் பிட்டுச் சம்பலில் தோய்த்துக்கொண்டே கேட்டாள். ஓரம் கொஞ்சம் கருகியிருந்தது. அதை ஒதுக்கி வைக்கவில்லை.

"அந்த அம்மா பேரு என்ன?" என்றாள்.

யோசித்தேன். ஊரில் எல்லாரும் சிலோன்காரி என்போம். நானும் அப்படித்தான். அதற்கு மேல் ஒன்றும் ஞாபகத்தில் இல்லை. ஞாபகத்தில் இல்லையா, கேட்டதே இல்லையா?

"தெரியலை" என்றேன்.

அவள் தட்டை நீட்டினாள். கல்லில் கடைசி ரொட்டி இருந்தது. திருப்பிப் போட்டு, தீயைக் குறைத்தேன்.