ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்

2025 மே 31, சனிக்கிழமை. மும்பையில் மழை பெய்துகொண்டிருந்தது. வழக்கமாக ஜூன் இரண்டாம் வாரத்தில் வர வேண்டிய பருவமழை அந்த ஆண்டு மே 26-ஆம் தேதியே வந்துவிட்டது. மும்பையின் மழைக் கணக்கில் இவ்வளவு சீக்கிரம் அது வந்ததே இல்லை என்றார்கள். குடையை மடக்கிக்கொண்டு, நான் படித்த மாநகராட்சிப் பள்ளியின் படிகளில் ஏறினேன். தரைத் தளத்தில் மராத்திப் பள்ளி. முதல் மாடியில் இந்தியும் உருதுவும். அதற்கும் மேலே தமிழ். என் டீச்சருக்கு அன்று பணி ஓய்வு.

வகுப்பறையில் பன்னிரண்டு பேர் இருந்தோம். ஆசிரியர்கள், கீழ்த்தளத்துப் பள்ளிகளிலிருந்து வந்த மூன்று பேர், பழைய மாணவர்கள் சிலர். மகாராஷ்டிர வழக்கப்படி சால்வையும் தேங்காயும் கொடுத்தார்கள். சமோசா, பேடா, பேச்சு எல்லாம் இருந்தன. பிள்ளைகள் மட்டும் ஒருவர்கூட இல்லை. கோடை விடுமுறை. பாதிப் பேர் நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் ஏறித் திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் போயிருந்தார்கள். முப்பத்தாறு ஆண்டுகள் பாடம் சொல்லிக்கொடுத்த ஒருவர், காலி பெஞ்சுகளைப் பார்த்து நன்றி சொல்லி விடைபெற்றார்.

இது தற்செயல் அல்ல. மகாராஷ்டிரத்தில் அரசு அலுவலகமோ பள்ளியோ எதை எடுத்துக்கொண்டாலும், மே 31 அன்று கூட்டம் கூட்டமாக ஓய்வு பெறுவார்கள். கேரளத்திலும் இதே கதைதான். காரணம் எளிது. ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன்னால் பெரும்பாலான வீடுகளில் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டமே 1969-ல்தான் வந்தது. ஜூன் மாதம் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துவந்த அப்பாவுக்குத் தேதி தெரியாது. தலைமை ஆசிரியர் ஐந்து வயதைப் பின்னோக்கி எண்ணி, 'ஜூன் 1' என்று எழுதிக்கொண்டார். மாதத்தின் முதல் தேதியில் பிறந்தவர் அதற்கு முந்தைய மாதக் கடைசி நாளில் ஓய்வு பெற வேண்டும் என்பது விதி. ஆகவே 58 வயது முடியும்போது மே 31. பள்ளியில் பிள்ளைகள் இல்லாத நாள்.

டீச்சரின் அப்பா தாராவியில் தோல் பதனிடும் வேலை பார்த்தவர். 1972 ஜூனில் மகளைப் பள்ளிக்கு அழைத்துப்போனார். அவள் பிறந்தது மார்கழியில், திருவாதிரைக்கு முதல் நாள். அம்மாவுக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் அதைச் சொன்னால் நாலரை வயதுதான் வரும். பள்ளியில் சேர்க்க முடியாது. 1967 ஜூன் 1 என்று எழுதினார்கள். சேர்த்தார்கள். எல்லோருக்கும் சந்தோஷம்.

1989-ல் அவர் புது டீச்சராக வந்தபோது நான் நான்காம் வகுப்பு. எங்கள் வகுப்பில் மட்டும் ஐம்பத்திரண்டு பேர். ஒரு பெஞ்சுக்கு நாலு பேர் நெருக்கியடித்து உட்காருவோம். லகர, ளகர, ழகரத்தை அவர் சொல்லும்போது வாயைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். பின்னால் அஞ்சல் வழியில் தமிழ் எம்.ஏ. படித்ததும், இன்று மராத்தியிலிருந்தும் இந்தியிலிருந்தும் மொழிபெயர்த்து, பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைப்பதும் அந்த வாயைப் பார்த்ததால்தான்.

விழா முடிந்ததும் தலைமை ஆசிரியர் ஒரு தாளை நீட்டினார். மராத்தியில் இருந்தது. பெற்றோர்களுக்காகத் தமிழில் எழுதித் தர வேண்டும் என்றார். பள்ளி திறக்கும்போது பலகையில் ஒட்டவேண்டிய கோடைக் கால ஊழியர் விவரம். மொத்தம் மூன்றே செய்திகள்.

ஒன்று, ஆசிரியைகள் இருவர் ஓய்வு பெறுகிறார்கள். இருவருமே ஜூன் 1-ல் 'பிறந்தவர்கள்'. இரண்டு, வேறொரு தமிழ்ப் பள்ளியில் 'அதிரிக்த' ஆகிவிட்ட ஆசிரியை ஒருவர் 'சமாயோஜன்' மூலம் இங்கே வருகிறார். மூன்று, மூன்றாவது ஆசிரியர் பதவி 'பட் சங்க்யா'வைப் பொறுத்தது.

இருபது ஆண்டுகளாக மொழிபெயர்ப்பு செய்கிறவன். அரை மணி நேர வேலை என்று நினைத்தேன். 'அதிரிக்த' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். தமிழ்நாட்டில் இதற்கு 'உபரி ஆசிரியர்' என்று சொல்கிறார்கள். சமாயோஜனுக்குப் 'பணி நிரவல்'. நிரவுவது என்றால் வயலில் மேட்டு மண்ணை வெட்டிப் பள்ளத்தில் போடுவது. நல்ல சொல்தான். ஆனால் மேடு என்பது வெறும் மண் அல்ல. பன்னிரண்டு ஆண்டுகள் ஒரே பள்ளியில் வேலை பார்த்து, அந்தத் தெருவில் எல்லா வீட்டுக் கதவையும் தட்டியறிந்த ஒரு பெண்மணி. அவரை 'உபரி' என்று எழுதிப் பலகையில் ஒட்டினால், ஜூன் 16 அன்று முதல் முறையாக அந்த மாடிப்படி ஏறும்போது அவரும் அதைப் படிப்பாரே. 'வேறு பள்ளியிலிருந்து மாற்றலாகி வருகிறார்' என்று எழுதினேன். மொழிபெயர்ப்பாளன் செய்யக்கூடாத வேலை. செய்தேன்.

'பட் சங்க்யா' என்றால் பதிவேட்டில் உள்ள பிள்ளைகளின் எண்ணிக்கை. இங்கேதான் விஷயம் இருக்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை 60 பிள்ளைகள் இருந்தால் இரண்டு ஆசிரியர்கள். 61 முதல் 90 வரை மூன்று. பிள்ளைகளுக்கு நன்மை செய்யப் போட்ட கணக்குதான். நெரிசலான பள்ளியில் நான்கு பேர் ஒரே பெஞ்சில் உட்காரும் நிலைமையை மாற்றவே அது வந்தது. ஆனால் பிள்ளைகள் குறையும் பள்ளியில் அதே கணக்கு வேறு விதமாக வேலை செய்கிறது. ஐந்து வகுப்புகள், இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் ஒன்றாம் வகுப்பையும் இரண்டாம் வகுப்பையும் சேர்த்து உட்காரவைப்பார். இன்னொருவர் மற்ற மூன்றையும். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் ஐந்தும் ஒருவருக்கு. தேர்தல் வந்தால் அதற்கும் போக வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய பணிகளுக்கு ஆசிரியர்களை அனுப்பச் சட்டமே இடம் தருகிறது. 2024 மே 20 அன்று மும்பையில் நாடாளுமன்றத் தேர்தல் நடந்தபோது டீச்சரின் கோடை விடுமுறை அதற்கே போனது.

எங்கள் பள்ளியின் எண்ணிக்கை அந்த மே மாதம் 57.

"நாலு பிள்ள வேணும்யா" என்றார் டீச்சர், சமோசாத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு. "நாலே நாலு. ஏப்ரல்ல இருந்து தெருத் தெருவா நடந்தாச்சு. பை இருக்கு, சீருடை இருக்கு, ஷூ இருக்கு, மத்தியானம் சாப்பாடு இருக்கு, எல்லாம் சும்மாதான்னு சொல்லுதேன். கேட்டுக்கிடுதாங்க. காப்பி தாராங்க. பிள்ளயத் தரமாட்டேங்காங்க."

நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதைச் சொல்லிக்காட்டவில்லை. ஆனால் எங்கள் இருவருக்கும் நினைவிருந்தது.

2016 மே மாதம் ஒரு மத்தியானம். டீச்சர் என் வீட்டுக் கதவைத் தட்டினார். என் மகளுக்கு ஆறு வயது. ஒன்றாம் வகுப்புக்குக் கேட்டு வந்திருந்தார். அதற்கு முன்பே ஓர் ஆங்கிலப் பள்ளியில் பணம் கட்டியாகிவிட்டது. நான் என்னென்னவோ சொன்னேன். மேற்படிப்பில் சிரமம், ஏழாம் வகுப்புக்கு மேல் எங்கே போவாள், அவள் அம்மாவின் விருப்பம். எல்லாமே உண்மை. ஆனாலும் தமிழால் சோறு தின்கிறவன் அந்தக் காரணங்களை அடுக்குவதைக் கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது. டீச்சர் தண்ணீர் குடித்தார். "பரவாயில்லய்யா, பிள்ள நல்லா படிக்கட்டும். ஒனக்குத் தெரிஞ்ச வீடு இருந்தா சொல்லு" என்று எழுந்துபோனார். வாசலில் செருப்பு மாட்டும்போது மகளின் தலையைத் தடவினார்.

தாய்மொழியில் தொடக்கக் கல்வி பற்றி நான் கட்டுரை எழுதியிருக்கிறேன். மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழியில் கல்வி கிடைக்க வசதி செய்ய வேண்டும் என்று சொல்லும் அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு 1956-ல் சேர்க்கப்பட்டது என்பதை எந்தக் கூட்டத்திலும் சொல்லுவேன். மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, ஆங்கிலம், தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று எட்டு மொழிகளில் பள்ளி நடத்தும் மாநகராட்சி இது என்று வெளியூர் நண்பர்களிடம் பெருமையடித்துக்கொள்வேன். வசதியைச் செய்துவைத்தார்கள். நான் பிள்ளையை அனுப்பவில்லை. இடம் காலியாவதற்கும் ஆசிரியர் உபரியாவதற்கும் உத்தரவு எங்கிருந்தோ வருவதாக நாம் பேசிக்கொள்கிறோம். அந்த உத்தரவின் முதல் வரியை என் போன்றவர்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறோம். அலுவலகம் அதை நகல் எடுக்கிறது.

அதற்காக அன்று நான் செய்தது தவறு என்றும் துணிந்து சொல்ல வரவில்லை. மகள் நன்றாகப் படிக்கிறாள். அதே தெருவில் காய்கறி விற்கிறவரும் ஆட்டோ ஓட்டுகிறவரும் கடன் வாங்கி ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? ஆனால் அனுப்ப வழியில்லாத ஐம்பத்தேழு வீடுகள் இருக்கின்றன. அங்கே ஒருவர் ஐந்து வகுப்பு எடுத்தால் பாதிப்பு அவர்களுக்குத்தான்.

ஜூன் 16 அன்று பள்ளி திறந்தது. பலகையில் என் தமிழ்த் தாள் ஒட்டியிருந்தது. புது ஆசிரியை வந்தார். தாளைப் படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. வந்திருந்த பிள்ளைகள் நாற்பத்தொன்று. மற்றவர்களுக்கு ஊரிலிருந்து திரும்ப டிக்கெட் கிடைக்கவில்லை. வருடாவருடம் நடப்பதுதான். நான் படித்த காலத்திலும் ஜூன் கடைசிவரை பாதி பெஞ்சு காலியாகத்தான் கிடக்கும்.

நான் கீழே இறங்கியபோது வாசலில் குடை பிடித்தபடி டீச்சர் நின்றுகொண்டிருந்தார். சேலையை அதே பாணியில் உயர்த்திக் கட்டியிருந்தார். "சும்மாதான் வந்தேன். கால் தானா வந்திட்டு" என்றார். சும்மா வரவில்லை என்பது பிறகு தெரிந்தது. ஓய்வு பெற்ற பிறகும் ஜூலை முழுவதும் அவர் தெருக்களில் நடந்திருக்கிறார். ஆகஸ்டில் கட்டட வேலைக்கு வந்த விழுப்புரத்துக் குடும்பம் ஒன்றின் இரண்டு பிள்ளைகளைக் கையைப் பிடித்து அழைத்துவந்து மாடியில் விட்டார்.

நாடு முழுதும் பள்ளிக் கணக்கு எடுப்பதற்குரிய தேதி செப்டம்பர் 30. அன்று மாலை டீச்சருக்குப் போன் செய்தேன். எண்ணிக்கை 59. இரண்டு பிள்ளைகள் குறைவு.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார். "ஏய்யா, நான் நெசமா பொறந்தது மார்கழிதான? அந்த ஜூன் ஒண்ணுன்னு எழுதாம இருந்திருந்தா இந்த டிசம்பர் முடிய நான் வேலையில இருப்பேன். டீச்சரா போய்க் கேட்டா ஒரு மாதிரி, வேல இல்லாதவளா போய்க் கேட்டா ஒரு மாதிரி. ரெண்டு பிள்ளதான. பிடிச்சிருப்பேன்."

அக்டோபரில் என்னை மறுபடி கூப்பிட்டுத் தாளைத் திருத்தச் சொன்னார்கள். மூன்றாவது செய்தியை அடித்துவிட்டு, 'இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளையும் கவனிப்பார்கள்' என்று எழுதிக் கொடுத்தேன். மராத்திக்கும் தமிழுக்கும் நடுவே அதில் எந்தச் சிக்கலும் இல்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் என் மகள் டீச்சர் வீட்டுக்குப் போகிறாள். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். ழகரம் இன்னும் சரியாக வரவில்லை. டீச்சர் அவளுக்கென்று பழைய வருகைப் பதிவேடு ஒன்றை வைத்திருக்கிறார். தேதி போட்டு, பெயருக்கு நேரே ஒவ்வொரு வாரமும் குறித்துக்கொள்கிறார். அந்தப் பதிவேட்டை யாரும் வந்து எண்ணப்போவதில்லை.