கயிறு அவிழ்க்கும் முன்

பகலில் பழகிய வழி இரவில் புதிதாகிவிடுகிறது. பிறந்து வளர்ந்த வீட்டிலேயே மின்சாரம் நின்றுவிட்டால், விளக்கு இருக்கும் இடம் தேடிச் சுவரைத் தடவுகிறோம். சொந்த வீட்டில் நம் நிலை இதுவென்றால், சற்று முன்னர்தான் கால் வைத்த ஒரு கப்பலில், பல அடுக்குகளும் ஆயிரக்கணக்கான மனிதரும் நிறைந்த மிதக்கும் நகரம் ஒன்றில், நள்ளிரவில் அபாயச் சங்கு ஒலித்தால் என் செய்வோம்? எந்தப் பக்கம் திரும்புவோம்? யார் கையைப் பிடிப்போம்? உல்லாசக் கப்பல்களில் நடைபெறும் பாதுகாப்பு ஒத்திகையைப் பற்றிச் சிந்திக்க நம்மைத் தூண்டியவை இக்கேள்விகளே.

உல்லாசக் கப்பலுக்கும் நம் குடும்பங்களுக்கும் என்ன உறவு என்று வாசகர்கள் எண்ணலாம். ஒரு காலத்தில் நம்மவர்கள் 'ரஜூலா'விலும் 'சிதம்ப'ரத்திலும் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பிழைப்பு நாடிச் சென்றார்கள். 1985இல் அந்தச் 'சிதம்பரம்' கப்பலில் தீப்பற்றி உயிர்கள் பலியானதை முதியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இன்று அவர்களுடைய பேரன் பேத்திகள் பள்ளி விடுமுறையில் அதே கடலில் பொழுதுபோக்குக்காகப் பயணம் செய்கிறார்கள். சிங்கப்பூரில் குடியேறிய பிள்ளைகள், ஊரிலிருந்து வரும் பெற்றோரை இரண்டு மூன்று நாள் கப்பல் பயணத்திற்கு அழைத்துச் செல்வது அரிய செய்தி அன்று. வேலை முடிந்து வருவோருக்கு வசதியாக இரவில் புறப்படும் பயணங்களும் உண்டு.

இரவுப் புறப்பாட்டில் ஒரு சங்கடம் இருக்கிறது. பயணிகள் களைத்து வருகிறார்கள். குழந்தைகள் தூக்கத்துக்கு அழுகின்றன. முதியவர்களுக்கு உணவு வேளை, மருந்து வேளை. அந்த நேரத்தில்தான் ஒத்திகைக்கு அழைப்பு வருகிறது. 'நாளைக் காலையில் வைத்துக்கொண்டால் என்ன?' என்று முணுமுணுப்பது மனித இயல்பு. அந்த 'நாளைக் காலை' வருமுன் என்ன நேரலாம் என்பதற்கு இத்தாலியக் கடல் ஒரு சான்று தந்திருக்கிறது.

2012ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள் மாலை ஏழு மணிக்குச் சற்றுப் பின், 'கோஸ்டா கன்கார்டியா' என்னும் கப்பல் சிவிட்டாவெக்கியா துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. கப்பலில் இருந்தோர் 4,229 பேர். இரவு ஒன்பதே முக்கால் மணிக்கு ஜிக்லியோ தீவின் அருகே பாறையில் மோதி அதன் அடிப்பகுதி கிழிந்தது. பலர் அப்போது உணவு மேசையில் அமர்ந்திருந்தனர். அந்தத் துறைமுகத்தில் ஏறிய அறுநூறுக்கும் மேற்பட்டோருக்கு ஒத்திகை நடத்தப்பட்டிருக்கவில்லை. அது மறுநாளைக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. இதில் சட்ட மீறல் ஏதுமில்லை. பயணிகள் ஏறிய இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் ஒத்திகை நடத்தினால் போதும் என்பதே அன்றைய சர்வதேச விதி. கடலோ இரண்டரை மணி நேரம்தான் அவகாசம் கொடுத்தது.

அவ்விபத்துக்கு மூல காரணம் வேறு. கரையை ஒட்டிக் கப்பலைச் செலுத்திய கேப்டனை நீதிமன்றம் தண்டித்தது. ஆனால் மோதலுக்குப் பின் நடந்தவை நம் பொருளுக்கு உரியவை. மின்சாரக் கோளாறு என்று பயணிகளுக்குச் சொல்லப்பட்டது. பொது அபாயச் சங்கு ஒலித்ததே முக்கால் மணி நேரம் கழித்துத்தான். கப்பல் சாயச் சாய ஒரு பக்கத்துப் படகுகளை இறக்குவது அரிதாயிற்று. சொல்பவர் சொல்லத் தவறும்போது மனிதனுக்குத் துணை நிற்பது அவன் முன்பே கற்றுக்கொண்டது மட்டும்தான். புதிதாக ஏறியவர்களுக்கு அந்தத் துணையும் இல்லை. முப்பத்திரண்டு உயிர்கள் போயின.

அடுத்த மாதமே கப்பல் நிறுவனங்களின் சங்கங்கள், துறைமுகம் விடுமுன் ஒத்திகையை முடித்துவிடுவதெனத் தாமாக முடிவு செய்தன. பின்னர் சர்வதேச விதியும் திருத்தப்பட்டது. புதிதாக ஏறிய பயணிகளுக்குப் புறப்படும் முன்னரோ, புறப்பட்ட உடனேயோ ஒத்திகை நடந்தாக வேண்டும் என்னும் அவ்விதி 2015 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. கடலில் உயிர்காக்கும் விதிகள் பெரும்பாலும் இவ்வாறே பிறந்திருக்கின்றன. முதல் சர்வதேச உடன்படிக்கை 1914இல் உருவானது. அதற்கு முன் 1912இல் 'டைட்டானிக்' மூழ்க வேண்டியிருந்தது. அக்கப்பலின் படகுகளில் 1,178 பேருக்கு இடமிருந்தும், பிழைத்தவர்கள் எழுநூற்றுச் சொச்சம் பேர்தாம். இருந்த படகையும் நிரப்பத் தெரியாமற்போனதை எண்ணினால் நெஞ்சு கனக்கிறது.

2023 ஜூன் மாதத்தில் நாமும் சிங்கப்பூரிலிருந்து ஒரு கப்பலில் சென்றோம். நாமும் துணைவியாரும், மகளும் மருமகனும், ஆறு வயதுப் பேரனும், மருமகனின் தாயாருமாக ஆறு பேர். புறப்பாடு இரவு ஒன்பது மணிக்கு. சோதனைகள் முடிந்து அறைகளுக்குள் நுழைந்தபோது மஃக்ரிபு நேரம். தொழுது எழுவதற்குள் ஒலிபெருக்கி அழைத்தது. பெருந்தொற்றுக்குப் பின் பல கப்பல்களில் வழக்கமாகியிருக்கும் முறை அங்கேயும் இருந்தது. விளக்கப் படத்தைக் கைப்பேசியிலோ அறைத் தொலைக்காட்சியிலோ பார்த்துவிட்டு, அவரவர்க்குக் குறித்த கூடுமிடத்துக்குச் சென்று அட்டையைக் காட்டி வரவேண்டும்.

மருமகன் சொன்னார்: "மாமா, படத்தைப் பார்த்தாயிற்று. மற்றதெல்லாம் ஒரு சடங்கு. லிஃப்டில் போய் அட்டையைக் காட்டிவிட்டு ஐந்து நிமிடத்தில் வந்துவிடலாம். உம்மாவை ஏன் அலைக்கழிக்க வேண்டும்?"

அவருடைய தாயாரும், "நீங்கள் போய் வாருங்கள் தம்பி. மூட்டுவலியோடு நான் எங்கே வர?" என்றார். அறுபத்தெட்டு வயது. அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை.

நாம் இவ்வாறு கூறினோம்: "அபாய வேளையில் லிஃப்டில் ஏறக்கூடாது என்று படத்திலேயே சொல்லிவிட்டார்கள். அப்படியானால் உங்கள் உம்மா படியில்தான் இறங்க வேண்டும். அதற்கு எவ்வளவு நேரமாகும் என்பது நம்மில் யாருக்குத் தெரியும்?"

மருமகன் மறுமொழி கூறவில்லை. தாயாரைத் தாமே கைத்தாங்கலாக அழைத்து வந்தார். நான்கு தளங்கள் இறங்க வேண்டியிருந்தது. நமக்கு மூன்று நான்கு நிமிட வழி. அந்த அம்மையாருக்குப் பதினெட்டு நிமிடங்கள் ஆயின. நடுவில் இருமுறை நின்று மூச்சு வாங்கினார். கூடுமிடத்தில் இருந்த ஊழியப் பெண் அவரைக் கண்டதும் உட்கார வைத்து, உதவி தேவைப்படுவோர் பட்டியலில் அவருடைய அறை எண்ணைக் குறித்துக்கொண்டார். சங்கு ஒலித்தால் ஊழியர் இருவர் அறைக்கே வந்து அழைத்துச் செல்வார்கள் என்றும் விளக்கினார். பேரனுக்குச் சிறுவர்க்கான உயிர்காப்பு அங்கியைக் காட்டி, அணிவித்தும் பார்த்தார். அந்த அம்மையார் அறையிலேயே தங்கியிருந்தால் அவர் பெயர் எந்தப் பட்டியலிலும் ஏறியிருக்காது. திரும்பும்போது லிஃப்டிலேயே வந்தோம். மருமகன் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, "பதினெட்டு நிமிடம், மாமா" என்று மட்டும் கூறினார்.

முப்பது ஆண்டுகளாக அரபு இலக்கணம் கற்பித்து வருகிறோம். வினைச்சொல்லின் மாற்றங்களை விளக்கும்போது எல்லா மாணவர்களும் தலையசைப்பார்கள். விளங்கிவிட்டது என்பார்கள். மறுநாள் எழுப்பிக் கேட்டால், வாய்விட்டுப் பலமுறை ஓதியவன் நாவில் மட்டுமே அது இருக்கும். 'தம்ரீன்' என்று அரபியில் சொல்கிறோமே, அந்தப் பயிற்சிக்கும் விளக்கத்துக்கும் உள்ள வேறுபாடு இதுதான். விளக்கம் அறிவோடு நிற்கிறது. பயிற்சி உடம்பில் தங்குகிறது. அச்சம் வரும்போது அறிவு கலங்கும். உடம்பு தான் பழகியதைச் செய்யும். கைப்பேசிப் படத்தை நாம் குறை கூறவில்லை. பெருங்கூட்டமாக நிற்கவைப்பதைவிடக் குடும்பங்களுக்கு அது எளிது. ஆனால் எளிமையைச் சோம்பலுக்குச் சாக்காக்கிவிடுகிறோம். படத்தை ஓடவிட்டுப் பெட்டியைப் பிரிப்பது ஒத்திகை ஆகாது.

ஆதலால் இரவுக் கப்பலில் ஏறும் குடும்பத்தார் சிலவற்றை மனத்திற்கொள்வது நன்று. இயன்றவரை முன்னதாகவே ஏறி, குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் கொஞ்சம் உணவு கொடுத்துவிடுங்கள். பசியும் ஒத்திகையும் மோதிக்கொள்ளா. கூடுமிடத்துக்கு ஒருமுறையேனும் படிவழியே, வீட்டில் மிக மெதுவாக நடப்பவரின் வேகத்தில் செல்லுங்கள். ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியுமே அபாய அறிவிப்பு என்பதைப் பிள்ளைகளுக்கு விரல்விட்டு எண்ணச் சொல்லிக்கொடுங்கள். அப்போது யார் குழந்தையை எடுப்பது, யார் முதியவரைத் தாங்குவது என்பதை உறங்குமுன் பேசி முடிவு செய்யுங்கள். மூக்குக்கண்ணாடியும் மருந்தும் காலணியும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். நடக்க இயலாதவர் உடனிருந்தால், கேட்கும்வரை காத்திராமல் நாமே ஊழியரிடம் சொல்லிவிட வேண்டும். அதில் வெட்கம் எதற்கு?

இத்தனைக்கும் செலவாவது அரைமணி நேரம். ஆறிய உணவைச் சூடாக்கித் தரக் கப்பலில் ஆட்கள் உண்டு. தாயையும் மகவையும் எந்த வழியாக அழைத்துச் செல்வது என்பதை, கயிறு அவிழ்ந்து கரை விலகிய பின் இருளில் நின்று கற்க முடியாது.