ஃபார்மட்டுக்கு முன்னால் ஒரு நிமிஷம்!

எங்கள் மதுரைப் பக்கம் கம்ப்யூட்டருக்கு எந்த வியாதி வந்தாலும் ஒரே மருந்துதான். ஃபார்மட்! மெதுவாக ஓடுகிறதா? ஃபார்மட். பிரிண்டர் எடுக்கவில்லையா? ஃபார்மட். ஸ்கிரீன் நீலமாக வந்து நிற்கிறதா? கேட்கவே வேண்டாம், ஃபார்மட்தான். ஐந்நூறோ ஆயிரமோ வாங்கிக்கொண்டு அரை நாளில் புதுசு மாதிரி ஆக்கிக் கொடுத்துவிடுவார்கள். வீட்டுக்கு வந்து திறந்தால் பெட்டி பளிச்சென்று இருக்கும். உள்ளே நாம் வைத்தது எதுவும் இருக்காது.

ஃபார்மட் தேவைப்படும் நேரமும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால், நேற்று வரை நன்றாக ஓடிய பெட்டி, ராத்திரி அப்டேட் ஆகி, காலையில் கண் திறக்கவில்லை என்றால் அதற்கு முதல் வைத்தியம் அது இல்லை. கடைசியாக உள்ளே வந்தது எதுவோ, அதை மட்டும் வெளியே எடுத்துப் பார்ப்பதுதான் முதல் வைத்தியம். பியூஸ் போனதற்கு யாராவது வீட்டு வயரிங்கையே பிடுங்குவார்களா?

விளாங்குடியில் வீட்டு முன்னறையிலேயே நான் ஒரு சின்ன டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். திண்டுக்கல் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் இரண்டாவது தெரு. காதுகுத்து, கிரகப்பிரவேசப் பத்திரிகைகள், தாலுகா ஆபீஸுக்குப் போகும் மனுக்கள், கல்லூரிப் பிள்ளைகளின் புராஜெக்ட் என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும். ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதற்கு வயது ஏழு. அது ஓடினால்தான் எங்கள் வீட்டில் கேபிள் பில்லும் காஸ் சிலிண்டரும் ஓடும்.

சில மாதங்களுக்கு முன்னால் எம்.ஏ. தமிழ் படிக்கும் ஒரு பெண்ணின் ஆய்வேட்டை அடித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை அவள் கல்லூரியில் கொடுத்தாக வேண்டும். ஞாயிறுதோறும் எல்லா வேலையையும் பென்டிரைவில் காப்பி எடுத்து வைப்பது என் வழக்கம். அதனால் முந்தின வாரம் வரை அடித்தது பத்திரமாக இருந்தது. திங்கள், செவ்வாய், புதன் என்று மூன்று நாள் அடித்த 31 பக்கம் மட்டும் பெட்டிக்குள்தான் இருந்தது. நோட்டைப் பார்த்து அடித்ததாக இருந்தாலாவது மறுபடி அடித்துவிடலாம். அந்தப் பெண் என் பக்கத்தில் உட்கார்ந்து, திருத்தித் திருத்திச் சொல்லச் சொல்ல அடித்த பக்கங்கள் அவை. நோட்டில்கூடக் கிடையாது.

புதன் ராத்திரி அணைக்கும்போது அப்டேட் ஓடியது. வியாழன் காலை போட்டால் லோகோ வருகிறது, புள்ளிகள் வட்டமடிக்கின்றன, அணைகிறது, திரும்ப லோகோ வருகிறது. அரை மணி நேரம் இதே கூத்து.

வழக்கமாக வரும் மெக்கானிக் தம்பி வந்தார். ரேமைக் கழற்றி, பென்சில் ரப்பரால் துடைத்து மாட்டினார். அதே கூத்து.

“ஓ.எஸ். போயிருச்சுக்கா. ஃபார்மட் அடிச்சு விட்ருவோம். மத்தியானம் ரெடியாயிரும்.”

“உள்ள இருக்கிறதெல்லாம் என்ன ஆகும் தம்பி?”

“டி டிரைவ்ல இருந்தா தப்பிச்சிரும். டெஸ்க்டாப்ல வச்சிருந்தா போயிரும்க்கா.”

எல்லாரும் வேலை செய்கிற ஃபைலை எங்கே வைப்போம்? கண்ணுக்கு முன்னால் இருக்கட்டும் என்று டெஸ்க்டாப்பில்தானே! டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றும் சாதாரணமாக சி டிரைவுக்குள்தான் இருக்கின்றன. ஃபார்மட் அடிக்கும்போது முதலில் துடைக்கப்படுவது அந்த சி டிரைவ்தான். இது பல வீடுகளில் பெட்டி திரும்பி வந்த பிறகுதான் தெரிய வருகிறது.

“கொஞ்சம் பொறுங்க தம்பி, ஒரு போன் போட்டுக்கிறேன்” என்று சென்னையில் இருக்கும் என் அண்ணன் மகளைக் கூப்பிட்டேன். அவளுக்கு ஒரு ஆபீஸின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. அவள் பதறவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“அத்தை, நேத்து ராத்திரி புதுசா உள்ள என்ன போச்சு?”

“அப்டேட் ஓடுச்சும்மா.”

“அப்ப அதைத்தான் முதல்ல எடுத்துப் பாக்கணும். ஃபார்மட் எங்கயும் ஓடிப் போகாது. அது சாயந்தரம்கூடப் பண்ணிக்கலாம்.”

போனை ஸ்பீக்கரில் போட்டோம். அவள் சொல்லச் சொல்ல தம்பி பட்டனை அழுத்தினார். அரை மணி நேரத்துக்குள் என் பழைய திரை வந்து நின்றது. வேறு எதையும் தொடாமல் முதலில் அந்த 31 பக்கத்தைப் பென்டிரைவில் ஏற்றினேன். அப்புறம்தான் தம்பிக்குக் காபி. சனிக்கிழமை அந்தப் பெண் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டாள். இதில் யார்மேலும் பழி இல்லை. புது அப்டேட்டும் என் ஏழு வயதுப் பெட்டியும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான்.

அவள் சொன்ன வழியை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 10, 11 வைத்திருப்பவர்களுக்கானது இது.

பெட்டி திறக்கிறது, ஆனால் கோளாறாக ஓடுகிறது என்றால் வேலை சுலபம். செட்டிங்ஸுக்குள் போய் ‘விண்டோஸ் அப்டேட்’ பகுதியில் ‘அப்டேட் ஹிஸ்டரி’யைத் திறங்கள். அதில் ‘அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்’ என்று இருக்கும். எந்தத் தேதியில் எது வந்தது என்ற பட்டியல் வரும். ஒவ்வொன்றுக்கும் ‘கேபி’ என்று தொடங்கும் ஒரு எண் உண்டு. கோளாறு தொடங்கிய நாளில் வந்ததைத் தேர்ந்தெடுத்து நீக்கிவிட்டு, பெட்டியை அணைத்துப் போடுங்கள்.

பெட்டியே திறக்கவில்லை என்றால் கொஞ்சம் சுற்றுவழி. பவரைப் போட்டு, லோகோ தெரிந்ததும் பவர் பட்டனை 10 விநாடி அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டும். இப்படி இரண்டு முறை. மூன்றாவது முறை தானாக ஓட விட்டால், பழுது பார்க்கும் திரை வரும். அதில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’, அடுத்து ‘டிரபிள்ஷூட்’, மறுபடி ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’, அதற்குள் ‘அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்’. அங்கே இரண்டு வகை இருக்கும். ‘குவாலிட்டி அப்டேட்’ என்பது மாதாமாதம் வரும் சின்ன ரிப்பேர். ‘ஃபீச்சர் அப்டேட்’ என்பது வருஷத்துக்கு ஒரு முறை போல வரும் பெரிய மாற்றம். முதலில் குவாலிட்டி அப்டேட்டை எடுத்துப் பாருங்கள். இதனால் உங்கள் போட்டோவுக்கோ ஃபைலுக்கோ ஒன்றும் ஆகாது. பெரிய மாற்றத்திலிருந்து பழையபடி திரும்ப, சாதாரணமாக 10 நாள்தான் அவகாசம். அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

இரண்டு எச்சரிக்கை. அதே திரையில் ‘ரீசெட் திஸ் பிசி’ என்று ஒன்று பக்கத்திலேயே இருக்கும். அவசரத்தில் அதைத் தொட்டுவிடாதீர்கள். அது வேறு வைத்தியம். இன்னொன்று, சில லேப்டாப்களில் ‘பிட்லாக்கர்’ பூட்டு இருக்கும். அது 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கலாம். அந்த லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டிருந்தால், பெரும்பாலும் எண் அந்தக் கணக்கிலேயே சேமிப்பில் இருக்கும். செல்போனிலிருந்து அந்தக் கணக்குக்குள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

அப்டேட்டை எடுத்த பிறகு அதே அப்டேட் மறுபடி தானாக வந்து உட்காரவும் கூடும். அதனால் ‘விண்டோஸ் அப்டேட்’ பகுதியில் உள்ள ‘பாஸ்’ பட்டனை அழுத்தி ஒரு வாரம் நிறுத்தி வையுங்கள்.

“அவ்வளவு பெரிய கம்பெனி, சரி பார்க்காமலா அனுப்பும்?” என்று என் வீட்டுக்காரர் கேட்டார். பார்த்துத்தான் அனுப்புகிறார்கள். ஆனால் உலகத்தில் இருக்கும் பெட்டிகள் எல்லாம் ஒரே மாதிரியா? மதர்போர்டு ஒரு கம்பெனி, பிரிண்டர் இன்னொரு கம்பெனி, ஆன்டிவைரஸ் வேறொன்று. இத்தனை சேர்க்கையில் எங்காவது ஒன்று முரண்டு பிடிக்கும்.

2014 ஆகஸ்ட் 12 அன்று மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஒரு பாதுகாப்பு அப்டேட்டால் சில கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் முடங்கின. சில நாட்களில் அதைத் திரும்பப் பெற்ற நிறுவனம், ‘போட்டவர்கள் நீக்கிவிடுங்கள்’ என்று தானே அறிவுறுத்தியது. மாதக் கடைசியில் திருத்திய அப்டேட்டை வெளியிட்டது. அப்டேட்டை எடுப்பது ஏதோ குறுக்குவழி என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10-ன் பெரிய அப்டேட்டால் ஒரு சிலரின் ஃபைல்களே காணாமல் போயின. அக்டோபர் 2 அன்று வந்த அதை 6-ம் தேதியே நிறுத்திவிட்டு, சரி செய்து நவம்பர் 13 அன்று மறுபடி வெளியிட்டார்கள். காணாமல் போனவர்கள் எண்ணிக்கை மிகக் குறைவுதான். ஆனால் அந்தக் குறைவில் நாம் ஒருவராக இருந்தால்? காப்பி எடுத்து வைப்பதற்கு மாற்று கிடையாது என்பது அந்த வருஷத்துப் பாடம்.

2024 ஜூலை 19 உங்களுக்கே ஞாபகம் இருக்கும். விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்களே, அந்த வெள்ளிக்கிழமை! அது விண்டோஸ் அப்டேட் இல்லை. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த அப்டேட். நம்மூர் நேரப்படி காலை 9.39-க்குப் போனதை 10.57-க்கே நிறுத்திவிட்டார்கள். அந்த 78 நிமிடத்தில் விழுந்தவை சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் என்று மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. அவற்றுக்கு என்ன வைத்தியம் சொன்னார்கள் தெரியுமா? பெட்டியை சேஃப் மோடில் திறந்து, கோளாறான அந்த ஒரு ஃபைலை மட்டும் அழித்துவிட்டு, மறுபடி ஓட விடுங்கள் என்றுதான். ஏர்போர்ட் கம்ப்யூட்டருக்கே அதுதான் முதல் வைத்தியம் என்றால், நம் வீட்டுப் பெட்டிக்கு மட்டும் ஏன் எடுத்த எடுப்பில் ஃபார்மட்?

இதையெல்லாம் கேட்டுவிட்டு எதிர்வீட்டு அக்கா, “அப்டேட்டே வேணாம்னு ஆஃப் பண்ணிட்டேன்டி” என்றார். ஐயோ, அது இன்னும் ஆபத்து! 2017 மே 12 அன்று ‘வானாக்ரை’ என்ற வைரஸ் உலகமெங்கும் பரவி, ஃபைல்களைப் பூட்டி வைத்துக்கொண்டு பணம் கேட்டது. சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் மாட்டின. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளே தடுமாறின. அந்த வைரஸ் நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட், அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14 அன்று வந்துவிட்டது. அதைப் போட்டுக்கொண்டவர்களுக்கு அந்த ஓட்டை அடைபட்டிருந்தது. மாட்டியவர்களில் பெரும்பாலோர் அதைப் போடாதவர்கள். அக்காவிடம் இதைச் சொல்லி, மறுபடி ஆன் செய்து கொடுத்துவிட்டு வந்தேன்.

அப்டேட் வரட்டும். வந்தது ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அதை மட்டும் எடுத்துவிட்டு, திருத்தி வரும்போது மறுபடி போட்டுக்கொள்வோம். மாதாந்திர அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2003 அக்டோபரிலிருந்து ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது. நமக்கு அது செவ்வாய் ராத்திரி பத்தரை, பதினொன்றரை மணி. காலண்டரில் அந்த நாளைச் சுழித்து வையுங்கள். அன்று சாயங்காலம் முக்கியமான ஃபைல்களைப் பென்டிரைவிலோ வெளி ஹார்டு டிஸ்க்கிலோ காப்பி எடுத்துவிடுங்கள். எனக்கு இப்போது ஞாயிறு காப்பி போக, அன்றன்றைய வேலைக்கு ராத்திரி காப்பியும் உண்டு.

அடுத்த முறை உங்கள் வீட்டில் யாராவது ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்து ‘ஃபார்மட்’ என்று ஆரம்பித்தால் சண்டை போட வேண்டாம். “தம்பி, கடைசியா வந்த அப்டேட்டை எடுத்துப் பாத்துட்டீங்களா?” என்று மட்டும் கேளுங்கள். எங்கள் மெக்கானிக் தம்பி இப்போது ரப்பரை எடுப்பதற்கு முன்பே, “நேத்து அப்டேட் ஏதும் ஓடுச்சாக்கா?” என்றுதான் கேட்கிறாராம். கூடல் நகரிலிருந்து வந்த ஒரு கஸ்டமர் சொன்னார்.