எஃப்2 அடித்தால் பில் விழ வேண்டும்

ஜூலை 21, திங்கள்

ஆடியில் யாரும் கடைக்கால் தோண்டுவதில்லை, வாசக்கால் வைப்பதில்லை. பைப், ஃபிட்டிங்ஸ், பெயின்ட் மொத்த வியாபாரத்தில் கம்ப்யூட்டர் மாற்ற இதைவிட நல்ல மாதம் கிடைக்காது. மதுரைத் தலைமைக் கடை, திண்டுக்கல், தேனி, விருதுநகர் கிளைகள் எல்லாம் ஆவணி பிறப்பதற்குள் முடிந்தாக வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்துகிறது. இங்கிருக்கும் பழைய மெஷின்களில் விண்டோஸ் 11 ஏறாது. அதனால் எல்லாருக்கும் புதுசு.

பில்லிங் புரோகிராம் மட்டும் பழசு. தொண்ணூறுகளில் எஸ்சிஓ யூனிக்ஸில் எழுதியது, பிற்பாடு லினக்ஸுக்குக் குடிவந்தது. கறுப்புத் திரை, 24 வரி, வரிக்கு 80 எழுத்து. அப்போதெல்லாம் கவுண்டருக்குக் கவுண்டர் டம்ப் டெர்மினல் இருந்தது. இப்போது பிசி டெர்மினல் வேஷம் கட்டுகிறது. டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் 1978-இல் வெளியிட்ட விடி100 இன்னும் எதிரே உட்கார்ந்திருக்கிறது என்றே இந்தப் புரோகிராம் நினைத்துக்கொண்டிருக்கிறது. அந்த நினைப்பு கலையாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஜூலை 22, செவ்வாய்

பழைய மெஷின்களில் டெர்மினல் வேஷம் கட்டுவது ‘பட்டி’ (PuTTY) என்ற சாஃப்ட்வேரின் 0.60 பதிப்பு. 2007-இல் வந்தது. அதையும் டெல்நெட்டில் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். பாஸ்வேர்டு வயரில் மறைவில்லாமல் போகும். ஆடிட்டர் எழுதிக் கொடுத்தே கேட்டுவிட்டார். இனி எஸ்எஸ்எச். இந்தப் பழைய பதிப்பை வைத்துக்கொண்டு புது சர்வரை எஸ்எஸ்எச்சில் தொட்டால், குறியாக்க முறையில் ஒத்துப்போகாமல் வாசலிலேயே நின்றுவிடுகிறது.

0.83 இறக்கினேன். இதை எழுதிய சைமன் டாட்டம் இலவசமாகத் தருகிறார், ஒரே ஒரு எக்ஸ்ஈ கோப்பு. தேடுபொறியில் முதலில் வரும் இணைப்பை மட்டும் நம்பக்கூடாது. பாஸ்வேர்டு திருடும் போலிப் பதிப்பு ஒன்று உலவியதை 2015-இல் சிமான்டெக் வெளியிட்டது. அசலிலும் ஓட்டை வரும்: ஒருவகைச் சாவியில் இருந்த பிழையை 2024 ஏப்ரலில் 0.81-இல் அடைத்தார்கள். நமக்கு அந்தச் சாவி கிடையாது, பாஸ்வேர்டுதான். ஆனாலும் பழசை ஒரு மெஷினிலும் விட்டுவைக்கப் போவதில்லை.

ஜூலை 23, புதன்

பட்டிக்கு செட்டிங்ஸ் கோப்பு என்று தனியாக எதுவும் இல்லை. எல்லாம் விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில், அதுவும் லாகின் செய்தவருடைய பகுதியில் போய் உட்காரும். இது தெரியாதவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில்தான் சறுக்குவார்கள். போன முறை ஏ.எம்.சி. எடுத்திருந்த ஆட்கள் அட்மின் லாகினில் எல்லாவற்றையும் ஏற்றி, ஓட்டியும் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்களாம். மறுநாள் காலை பில்லிங் அக்கா திறந்தால் வெறும் பெட்டி. அட்மினுக்கு ஏற்றியது அட்மினுக்கு மட்டும்தான்.

இங்கே ஒரு மெஷினில் காலையில் ஒருவர், மாலையில் ஒருவர். அதனால் எல்லாருக்கும் பொதுவான ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் ஒரு பேட்ச் கோப்பு வைக்கிறேன். யார் உள்ளே வந்தாலும் அவர்கள் கணக்கில் செட்டிங்ஸை ஏற்றிவிடும். சர்வரின் அடையாளச் சாவியும் அதே கோப்பில் போகிறது. இல்லாவிட்டால் முதல் தடவை திறக்கும்போதே, இந்த சர்வரை நம்பலாமா என்று ஆங்கிலத்தில் ஒரு பெரிய எச்சரிக்கை வந்து நிற்கும். படிக்காமல் ‘அக்செப்ட்’ அடிக்கப் பழகிவிட்டால், நிஜமாகவே ஆபத்து வரும் அன்றைக்கும் ‘அக்செப்ட்’தான்.

ஏற்றுவது சுலபம். எதை ஏற்றுவது, எதை ஆட்கள் இஷ்டத்துக்கு விடுவது என்பதில்தான் யோசனை. ஒவ்வொரு லாகினிலும் கோப்பில் உள்ளதெல்லாம் பழையபடி திரும்பிவிடும். கோப்பில் இல்லாததை ஆள் மாற்றினால் மாற்றினபடி நிற்கும். எழுத்தின் அளவை முதலிலேயே எடுத்துவிட்டேன். கண்ணாடி போட்டவருக்கு என்ன அளவு என்று நான் எப்படிச் சொல்வது?

ஜூலை 25, வெள்ளி

நாள் முழுக்கப் பில்லிங் கவுண்டரில் அக்காவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். எந்த மேனுவலிலும் கிடைக்காதது இங்கே கிடைக்கும். ‘முக்கால் எல்போ நூறு, அரை டீ ஐம்பது’ என்று ஆள் சொல்லி முடிப்பதற்குள் கோடு, அளவு, எண்ணிக்கை எல்லாம் விழுந்துவிடுகிறது. திரையைப் பார்ப்பதே இல்லை. கடைசியில் எஃப்2, பில் சேவ்.

புது மெஷினில் எஃப்2 அடித்தார். பில் காணோம். எண்ணிக்கைக் கட்டத்தில் [12~ என்று கிடந்தது.

“என்ன தம்பி இது, கோழி கிறுக்குனாப்புல?”

சர்வருக்கு எஃப்2 என்று ஒரு சாவி தனியாகத் தெரியாது. அது எஸ்கேப்பில் தொடங்கும் ஒரு குறித்தொடராகத்தான் சர்வருக்குப் போகும். பட்டி தானாக அனுப்பும் தொடர் ஒன்று, விடி100-க்குப் பழகிய புரோகிராம் எதிர்பார்ப்பது வேறொன்று. புரோகிராம் முதலில் வந்த எஸ்கேப்பை ‘ரத்து’ என்று எடுத்துக்கொண்டது, மிச்சத்தைக் கட்டத்தில் கொட்டிவிட்டது. கீபோர்டு பகுதியில் விடி100 முறைக்கு மாற்றினேன், பில் விழுந்தது. பட்டியலின் மேலும் கீழும் இருந்த கிடைக்கோடெல்லாம் ஆங்கில ‘கியூ’ எழுத்தாக வரிசை கட்டி நின்றதற்கும் இதே கதைதான். யூடிஎஃப்-8-இல் இருந்தாலும் பழைய கோட்டு எழுத்துகளை ஏற்றுக்கொள் என்று ஒரு டிக் அடித்ததும் கட்டங்கள் நேராயின.

வலப்பக்க நம்பர் பேடில் எண் வரவில்லை. அதற்கும் ஒரு டிக். மவுஸின் வலது பொத்தான்தான் பெரிய வில்லங்கம். பட்டியில் அதை அழுத்தினால் மெனு வராது, கடைசியாகக் காப்பி செய்தது அப்படியே ஒட்டிக்கொள்ளும். எக்ஸெலில் இருந்து எடுத்த விலைப் பட்டியல் ஒன்று பில்லுக்குள் கொட்டினால், ஒவ்வொரு வரி முடிவும் ஒரு என்டர். மெனு வரும்படி மாற்றிக் கோப்பில் பூட்டிவிட்டேன். இதில் யாருக்கும் சுதந்திரம் கிடையாது.

புதிதாகச் சேர்ந்த பெண் வேர்டு, எக்ஸெல் படித்து வந்தவள். சேவ் செய்ய கன்ட்ரோல் எஸ் அடிக்கிறாள், திரை அப்படியே உறைகிறது. “சார், ஹேங் ஆயிடுச்சு.” ஹேங் இல்லை. டெலிடைப் காலத்திலிருந்து கன்ட்ரோல் எஸ் என்றால் ‘நிறுத்து’, கன்ட்ரோல் கியூ என்றால் ‘ஓட்டு’. பழைய ஆட்களுக்கு இது வந்ததே இல்லை, அவர்களுக்குத்தான் எஃப்2 இருக்கிறதே! சர்வரில் அந்த வழக்கத்தையே அணைத்துவிட்டேன்.

அக்காவின் டிவிஎஸ் கோல்டு கீபோர்டை மட்டும் மாற்ற முடியவில்லை. புது மெஷினில் அந்தப் பழைய உருண்டைப் பின்னுக்குத் துளையே இல்லை. கன்வெர்ட்டர் வாங்கி மாட்டிக் கொடுத்தேன். டக்டக் சத்தம் கேட்காவிட்டால் அவருக்கு எண்ணிக்கை தவறுமாம். நம்புகிறேன்.

ஜூலை 28, திங்கள்

பிரிண்டர். இன்னும் டாட் மேட்ரிக்ஸ்தான், காரணமும் இருக்கிறது. வாடிக்கையாளருக்கு ஒன்று, குடோனுக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று என மூன்று தாள் கார்பனோடு ஒரே அடியில் விழ வேண்டும். லேசரால் அது ஆகாது.

பிரிண்டர் எங்கே இருக்கிறது என்று சர்வருக்குத் தெரியாது. ‘இனி வருவது திரைக்கல்ல, பிரிண்டருக்கு’ என்று ஒரு குறி அனுப்பும், பில்லை அனுப்பும், ‘முடிந்தது’ என்று இன்னொரு குறி. இடையில் வந்ததை எல்லாம் பட்டி தன்னிடம் சொல்லி வைத்த பிரிண்டருக்குத் தள்ளிவிடும். அந்தப் பெயர் எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். ஒவ்வொரு மெஷினிலும் மாடலுக்கு ஒரு பெயர் இருந்தால் கோப்பும் மெஷினுக்கு ஒன்று வேண்டும். அதனால் எல்லா ஊரிலும் எல்லா மெஷினிலும் பிரிண்டரின் பெயர் ‘பில்’. இந்த மாதம் எடுத்த முடிவுகளில் எனக்குப் பிடித்தது இதுதான்.

ஜூலை 31, வியாழன்

தேனி. சாப்பிட்டுவிட்டு வந்தால் இணைப்பு அறுந்திருக்கிறது. சும்மா கிடக்கும் இணைப்பை அங்கத்திய ரூட்டர் துண்டிக்கிறது. அறுந்தால் பாதிப் பில் சர்வரில் பூட்டியபடி கிடக்கும், மதுரையில் அந்தச் சரக்கைத் தொட முடியாது. அறுபது வினாடிக்கு ஒருமுறை பட்டி வெற்றுச் செய்தி அனுப்பும்படி வைத்ததும் சரியானது.

ஆகஸ்ட் 4, திங்கள்

நேற்று ஆடிப்பெருக்கு. இன்றைக்கு முதலாளி ஒரு கொட்டேஷனை நீட்டினார்: எல்லாவற்றையும் பிரவுசருக்கு மாற்றித் தருகிறார்களாம், மவுஸிலேயே பில் போடலாமாம். டெமோவை அக்காவிடமே கொடுக்கச் சொன்னேன். இரண்டாவது சரக்கிலேயே கையை எடுத்துவிட்டார். “இதுக்கு நான் கையாலயே எழுதிருவேன்ணே” என்றார் முதலாளியிடம். ரிப்போர்ட்டுக்கும் செல்போனில் ஸ்டாக் பார்க்கவும் பிரவுசர் வரட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. கவுண்டருக்கு வேண்டாம்.

ஆகஸ்ட் 7, வியாழன்

விருதுநகர். எழுத்தளவைப் போலவே நிறத்தையும் கோப்பிலிருந்து எடுத்திருந்தேன். கணக்குப்பிள்ளை பழைய டெர்மினல் மாதிரி பச்சை கேட்டார், வைத்துக்கொண்டார். கவுண்டரில் இருக்கும் தம்பி கண் கூசுகிறது என்று பின்னணியை வெள்ளையாக்கி, எழுத்தைக் கறுப்பாக்கியிருந்தான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கணக்குப்பிள்ளைதான் பின்னால் நின்று பார்த்துவிட்டு, “பாக்கிக்காரன் பேரு எங்கடா?” என்றார்.

கெடு தாண்டிய வாடிக்கையாளர் பெயரைப் புரோகிராம் தடித்த எழுத்தில் காட்டும். பட்டி தடிமனை நிறத்தால்தான் காட்டுகிறது. அந்த நிறம் வெள்ளை. வெள்ளைமேல் வெள்ளை. கெடு தாண்டியவர்கள் மட்டும் திரையில் இல்லை!

தடித்த எழுத்தின் நிறத்தைச் சிவப்பாக்கி, அந்த ஒரு வரியைக் கோப்பில் திரும்பச் சேர்த்தேன். வெள்ளையிலும் தெரிகிறது, கறுப்பிலும் தெரிகிறது. பின்னணி நிறம் தம்பியின் விருப்பம். பாக்கி முதலாளியுடையது.