எட்டங்குல சக்

30-09-2024, திங்கள்

பம்ப் ஷாஃப்ட் ஸ்லீவ் நாற்பது திரும்பி வந்துவிட்டது. ஒரு பக்கம் கடைந்து, திருப்பிப் பிடித்து மறுபக்கம் கடையும் வேலை. இரண்டு பக்கமும் ஒரே மையத்தில் இல்லை. திருப்பி அனுப்பியவர்கள் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. நானே வைத்துப் பார்த்தேன், அவர்கள் சொன்னது சரிதான்.

லேத்தில் வேலை பழகும் தம்பி ஒரு வாரமாகவே சொல்லிக்கொண்டிருந்தான்: “சக் அவுட் அடிக்குதுங்ணா.” பொருளைப் பிடிக்கும் சக் மையம் தப்பிச் சுற்றுகிறது என்று அர்த்தம். நான்தான் ஆர்டரை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேன்.

கோயம்புத்தூர் கணபதியில் எங்கள் வரிசையில் இருக்கும் பட்டறைக்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். புதுசு வாங்கு என்றார் ஒருவர். ஜாவை, அதாவது சக்கின் தாடையை, கிரைண்ட் பண்ணிவிடு என்றார் இன்னொருவர். இரண்டையும் செய்வதற்கு முன்னால் கோளாறு எங்கே என்று தெரிய வேண்டும். ஜாவில் எடுத்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது.

மாலையில் கிரைண்ட் செய்த 25 மி.மீ. பாரைப் பிடித்து டயல் இண்டிகேட்டர் வைத்தேன். ஜாவை ஒட்டி 0.16 மி.மீ. அங்கிருந்து 100 மி.மீ. தள்ளி வைத்தால் 0.30. பாரே வளைந்திருக்குமோ என்று சாக்பீஸால் மேட்டைக் குறித்துவிட்டு, சக்கைத் தளர்த்தி, பாரை மட்டும் மூன்றில் ஒரு சுற்று திருப்பிப் பிடித்தேன். சாக்பீஸ் குறி நகர்ந்தது, மேடு நகரவில்லை. இரண்டாம் ஜா பக்கமே நின்றது. பார் நல்ல பார்.

01-10-2024, செவ்வாய்

பெட்டின் மேல் பலகை போட்டு சக்கைக் கழற்றினோம். பேக் பிளேட்டோடு ஒரு ஆள் தூக்கிவிடலாம்தான். ஆனால் நழுவினால் பெட்டும் போகும், விரலும் போகும். பலகை இல்லாமல் சக்கைக் கழற்றுகிறவனை என் பட்டறையில் வைத்துக்கொள்ள மாட்டேன்.

முதலில் ஸ்பிண்டில். உள் டேப்பரில் டயல் வைத்தால் 0.01-க்குள் நிற்கிறது. பேரிங் நன்றாக இருக்கிறது. பாதி பாரம் இறங்கியது போல இருந்தது.

பிறகு பேக் பிளேட்டை மட்டும் மாட்டிப் பார்த்தேன். சக் உட்காரும் படி 0.01, முகம் 0.02. அதுவும் சரி. அப்படியானால் இரண்டுக்கும் நடுவில் என்ன? சக்கின் முதுகைத் துடைத்து விரலை ஓட்டினேன். நகத்தில் தட்டியது. கடுகில் பாதிகூட இல்லாத ஒரு இரும்புச் சில்லு, ஆண்டுக்கணக்கில் அழுந்தி அங்கேயே ஒட்டிக்கிடந்தது. போன முறை மாட்டியபோது துடைக்காமல் மாட்டியிருக்கிறோம். மாட்டியது நான்.

சில்லை எடுத்து, அந்த இடத்தை எண்ணெய்க் கல்லால் தேய்த்து, மறுபடி மாட்டினோம். ஜா அருகில் 0.15, 100 மி.மீ. தள்ளி 0.23. சில்லு சக்கையே சாய்த்து வைத்திருந்திருக்கிறது. சாய்ந்த சக் தூரம் போகப் போகத்தான் தன் குறையைக் காட்டும். இனி மிச்சம் சக்குக்குள்ளே.

02-10-2024, புதன்

காந்தி ஜெயந்தி, விடுமுறை. தெருவில் ஒரு மோட்டார் சத்தம் இல்லை. சக்கைப் பிரிக்க இதைவிட நல்ல நாள் கிடைக்காது. தம்பியை வரச் சொல்லவில்லை, அவனாகவே வந்துவிட்டான்.

உடலுக்கும் பின்மூடிக்கும் சேர்த்துப் பஞ்ச்சால் ஒரு குறி போட்டேன். எந்தப் பினியன் எந்தத் துளையிலிருந்து வந்தது என்றும் குறித்துக்கொண்டோம். மூன்றில் ஒன்றின் பக்கத்தில் பூஜ்யம் பொறித்திருக்கும். அந்தத் துளையிலேயே கடைசி இறுக்கு போட்டால் அளவு முறைக்கு முறை அதிகம் மாறாது. இருபது வருடமாக இந்தச் சக் இங்கே இருக்கிறது. தம்பிக்கு இன்றுதான் அந்தப் பூஜ்யம் தெரியும்.

பின்மூடியைத் திறந்தால் உள்ளே கறுப்புக் களிமண்.

அது என்னவென்று எனக்குத் தெரியும். கோயம்புத்தூரில் பம்ப் வேலை செய்கிற எந்தப் பட்டறையிலும் இது இருக்கும். வார்ப்பிரும்பைத் தண்ணீர் விடாமல் கடைகிறோம். அது சுருளாக வராது, மாவாக உதிரும். அந்த மாவு ஜா இடுக்கு வழியாக இறங்கி, நாம் அள்ளி அப்பிய கிரீஸில் கலந்துவிடும். அதற்குப் பிறகு அது கிரீஸ் இல்லை, அரைக்கும் பசை. சக் சாவியைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் ஸ்க்ரோலை நாமே அரைத்துக்கொண்டிருக்கிறோம்.

டீசலில் ஊறவைத்து, பெயிண்ட் பிரஷ்ஷால் தேய்த்து, திருப்பூர் பனியன் வேஸ்ட்டால் துடைத்தோம். தம்பி ஏர் கன்னை எடுத்தான், வேண்டாம் என்றேன். காற்றடித்தால் தூள் வெளியே வருவதைவிட இன்னொரு இடுக்கில் போய் உட்காருவதுதான் அதிகம். கண்ணிலும் அடிக்கும்.

சுத்தமான ஸ்க்ரோலைக் கையில் வைத்துப் பார்ப்பது எனக்கு எப்போதுமே பிடிக்கும். ஒரு பக்கம் பெவல் பல், மறுபக்கம் கொசுவர்த்திச் சுருள் போல ஒரே புரி. அமெரிக்காவின் கனெக்டிகட்டில் சைமன் ஃபேர்மன் என்பவர் 19-ஆம் நூற்றாண்டில் உருவாக்கியதாகச் சொல்வார்கள். அடிப்படை இன்றும் அதேதான். ஒரு பினியனைத் திருப்பினால் மூன்று ஜாவும் சேர்ந்து வருகின்றன. இதில் ஒரு சிக்கலும் உண்டு. சுருளின் வளைவு உள்ளே ஒரு மாதிரி, வெளியே ஒரு மாதிரி. ஜாவின் பல்லுக்கோ ஒரே வளைவுதான் கொடுக்க முடியும். அதனால் பல் முழுதாக அமராது, ஒரு கோடாகத்தான் தொடும். எந்த விட்டத்தில் அதிக வேலை நடக்கிறதோ அந்த இடத்தில் ஸ்க்ரோல் முதலில் தேயும். எங்களுக்கு 25 முதல் 40 மி.மீ. வரைதான் முக்கால்வாசி வேலை. அந்த இடத்தில் புரியின் விளிம்பில் ஒரு நசுங்கலும் பிசிறும் இருந்தன. கல்லால் பிசிறை மட்டும் எடுத்தேன். நசுங்கல் அப்படியே இருக்கட்டும்.

03-10-2024, வியாழன்

மாட்டும் வேலை. பினியனுக்கும் ஸ்க்ரோலின் பெவல் பக்கத்துக்கும் மாலி கிரீஸ், அதுவும் மெல்லிசாக. சுருள் பக்கத்துக்கும் ஜா ஓடும் காடிக்கும் எண்ணெய் மட்டும். இதில் எங்கள் ஃபிட்டர் ஐயாவுக்கும் எனக்கும் ஒத்துப்போகாது. கிரீஸ் இல்லாவிட்டால் பிடிப்புக் குறையும் என்பார் அவர். வறண்ட சக்கில் நம் பலமெல்லாம் உராய்விலேயே போய்விடும், அது உண்மைதான். ஆனால் வார்ப்பிரும்புத் தூளுக்கு நடுவே காடியில் கிரீஸைப் போடுவதைவிட வாராவாரம் எண்ணெய் விடுவது மேல் என்பது என் முடிவு.

ஜாவை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகத்தான் போட வேண்டும். புரியின் தொடக்கம் ஒவ்வொரு காடிக்கும் அடுத்தடுத்து வரும். அதனால் ஒவ்வொரு ஜாவிலும் பல் தொடங்கும் இடம் புரியிடைவெளியில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி இருக்கும். மாற்றிப் போட்டால் மூன்றும் நடுவில் சேராது. தம்பி முதல் முறை மாற்றிப் போட்டான். ஏன் சேரவில்லை என்று அவனே யோசித்துக் கண்டுபிடிக்கும்வரை நான் வாய் திறக்கவில்லை.

டயல்: அருகில் 0.08, தள்ளி 0.16. ஜா அருகே இருந்ததில் பாதி கழுவியதிலேயே போய்விட்டது. ஒரு பைசா செலவில்லை.

மிச்சத்துக்குக் காகிதத் துண்டு வைத்துப் பார்த்தேன். ஜாவின் உள் முனையில் வைத்த துண்டு இழுத்தால் கிழிகிறது. வெளி முனையில் வைத்தது நழுவி வருகிறது. வாய் விரிந்திருக்கிறது. பின்னால் மட்டும்தான் பிடிக்கிறது.

வாய் எப்படி விரியும்? ஜாவின் நுனியில் மட்டும் பொருளைப் பிடித்து, அளவுக்கு மீறி இறுக்கினால் விரியும். தம்பியிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னான்: “சாவியில பைப் போட்டேனுங்ணா. ஸ்லீவ் சுத்திக்கிட்டே இருந்துச்சு.” ஸ்லீவ் ஏன் சுற்றியது? உள்ளே களிமண் இருந்ததால் பிடிப்பு இல்லை. பிடிப்பு இல்லாததால் பைப். பைப்பால் வாய் விரிந்தது. வாய் விரிந்ததால் இன்னும் பிடிப்பு இல்லை. அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. களிமண் என் பொறுப்பு.

05-10-2024, சனி

இப்போதுதான் ஜாவை கிரைண்ட் செய்யும் பேச்சே எடுக்கலாம். வெறும் சக்கை ஓடவிட்டு அப்படியே கல்லைக் கொடுப்பவர்கள் உண்டு. அது வீண். பிடிக்கும்போது ஜா எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தச் சாய்விலேயே அதை வைத்து அரைக்க வேண்டும். அதாவது உள்நோக்கி இறுகியிருக்க வேண்டும், பிடிக்கும் முகமும் திறந்திருக்க வேண்டும். அதற்காக ஒரு தட்டு செய்தேன். நடுவில் பெரிய துளை, அதன் ஓரத்தில் ஜாவின் அகலத்தைவிடச் சிறிதாக மூன்று வெட்டு. ஜாவின் இரு ஓரங்கள் மட்டும் தட்டில் அழுந்தும். நடுப்பகுதி கல்லுக்கு. இதற்கே அரை நாள் போயிற்று.

07-10-2024, திங்கள்

டூல் போஸ்ட் கிரைண்டர் இரவல் வந்தது. பெட் முழுக்க ஈரத்துணி விரித்தோம். கல்தூள் பெட்டில் விழுந்தால் சக்கைக் காப்பாற்றி லேத்தைக் கெடுத்த கதையாகிவிடும்.

சக் மெதுவாக ஓட, ஒரு நடைக்கு 0.01 மட்டும். முதல் பொறி ஜாவின் பின்முனையில்தான் வந்தது. காகிதம் சொன்னது சரி. பொறி சிறிது சிறிதாக வெளிமுனை நோக்கி நகர்ந்தது. மூன்று ஜாவிலும் முழு நீளத்துக்கும் பொறி வந்ததும் நிறுத்தினேன். அதற்கு மேல் ஒரு நடைகூடத் தேவையில்லை. தட்டு அழுந்தியிருந்த ஓரங்களில் மிஞ்சிய சின்ன மேட்டைக் கையால் தேய்த்து எடுத்தோம். பிறகு மறுபடியும் ஜாவைக் கழற்றி ஒருமுறை கழுவல்.

25 மி.மீ. பாரில்: அருகில் 0.03, தள்ளி 0.04.

50 மி.மீ. பாரில் 0.06. தம்பிக்கு முகம் வாடிவிட்டது. வாட ஒன்றுமில்லை. புதிய மூன்று ஜா சக்கிலேயே 0.05, 0.08 என்று இருப்பது வழக்கம். ஒரு விட்டத்தில் சரியாக இருப்பது இன்னொன்றிலும் அப்படியே இருக்காது. அதைவிடத் துல்லியம் வேண்டுமானால் நாலு ஜா சக்கில் டயல் வைத்துப் பிடிக்க வேண்டும். ஸ்லீவுக்கு அதுவும் வேண்டாம். துளையையும் வெளி விட்டத்தையும் ஒரே பிடியில் முடித்துவிட்டு அறுத்தெடுத்தால் சக்கின் அவுட் வேலைக்குள் வராது. இனி அப்படித்தான்.

09-10-2024, புதன்

ஸ்லீவ் புதிதாகக் கடைந்து அனுப்பியாயிற்று.

மதியம் ஒரு சம்பவம். சாவி சக்கிலேயே இருக்க, தம்பியின் கை ஸ்விட்ச் பக்கம் போனது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்துப் பட்டறைக்காரர் ஓடி வந்தார். ஓடும் சக்கிலிருந்து சாவி பறந்தால் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. மாலையே சாவியின் முனையில் ஸ்பிரிங் போட்டேன். அழுத்திப் பிடித்தால்தான் உள்ளே நிற்கும், கையை எடுத்தால் வெளியே விழும். பைப்பைத் துண்டு துண்டாக வெட்டி ஸ்கிராப்பில் போட்டுவிட்டேன்.

11-10-2024, வெள்ளி

ஆயுத பூஜை. லேத்துக்குச் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. வருடாவருடம் சக்கின் முகத்தில் பொட்டு வைத்திருக்கிறேன், உள்ளே திறந்து பார்த்ததில்லை. இந்த வருடம் உள்ளேயும் சுத்தம்.

பூஜை முடிந்து பொரி, கடலை கொடுத்த பிறகு, டூல் அலமாரிக் கதவின் உள்பக்கம் தம்பி பெயிண்டால் எழுதினான்: 25 மி.மீ. — 0.03 / 0.04. எண்ணெய், சனிக்கிழமைதோறும். அடுத்து திறப்பது ஜனவரியில், பொங்கலுக்கு முன்.